இராமநாதபுரம் கடற்கரைப் பக்கம் முக்கியமான வியாபார விருந்துக்கு நல்ல உணவகத்தை எப்படித் தேர்ந்தெடுப்பது?

வெளியூர் கம்பெனி ஆள் ஒருவரை ராத்திரிச் சாப்பாட்டுக்கு அழைத்திருக்கிறீர்கள், அது நல்லபடி முடிந்தால் ஆர்டர் கைக்கு வரும் என்ற நிலையில் இருக்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். ஏசி, கடல் தெரியும் மேசை, ஸ்டார் ரேட்டிங், இதில் எதைப் பார்ப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் இந்த மூன்றையும் பார்த்துத்தான் ஒரு இடத்தைப் பிடித்தேன். அன்றைக்குப் பட்டது இன்னும் ஆறவில்லை, அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

மண்டபம் பக்கத்தில் நண்டு ஷெட் நடத்துகிறேன். ஓலைக்கால் நண்டை அவித்து, சதை எடுத்து, தரம் பிரித்துக் கம்பெனிக்குக் கொடுக்கிற வேலை. அந்த நண்டின் கடைசிக் கால் துடுப்பு மாதிரி தட்டையாக இருக்கும். அது உடம்போடு சேரும் இடத்தில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு பெரிய சதை இருக்கிறது. அதை உடையாமல் முழுசாக எடுத்தால்தான் உச்ச விலை. விரல் கொஞ்சம் அழுத்திவிட்டால் அடுத்த தரத்துக்கு இறங்கிவிடும். பதினொரு வருஷம் கூலிக்கு அந்தச் சதையை எடுத்துவிட்டுத்தான் சொந்தமாக ஷெட் போட்டேன். இப்போது 22 பெண்கள் என்னிடம் வேலை பார்க்கிறார்கள். பீற்றிக்கொள்ளச் சொல்லவில்லை. என்னைக் கேட்காமல் அங்கே ஒரு டப்பா வெளியே போகாது என்று தெரிந்தால்தான் மேலே சொல்லப்போவது புரியும்.

கொச்சியில் இருந்து பர்ச்சேஸ் பார்க்கிறவர் வந்திருந்தார். அந்த சீசனுக்கு ரேட் பேச வேண்டும். கடலைப் பார்த்த மாதிரி இருக்கும் பெரிய ஹோட்டலில் மேசை சொல்லிவைத்தேன். பெயர் வேண்டாம். வண்டி ஓட்டி வந்தது என் அண்ணன். அவரை வாசலில் உட்காரவைத்துவிட்டு நாங்கள் மட்டும் சாப்பிடுவது நம் பக்கத்துப் பழக்கமில்லை, அதனால் அவரும் எங்களோடு உட்கார்ந்தார்.

சர்வர் தம்பி மெனு கார்டு இரண்டு கொண்டுவந்தார். ஒன்று கொச்சிக்காரருக்கு, ஒன்று அண்ணனுக்கு. "சார், ஸ்டார்ட்டர் என்ன சொல்லட்டும்?" என்று அண்ணனைக் கேட்டார். அண்ணன், "தங்கச்சிய கேளுப்பா" என்றார். தம்பி என் பக்கம் திரும்பி, "மேடத்துக்கு ஜூஸ் கொண்டாரட்டுமா?" என்று கேட்டுவிட்டு மறுபடி அண்ணனிடமே போய்விட்டார். தண்ணீர் ஊற்றுவது, மீன் காரம் போதுமா என்று கேட்பது, எல்லாம் அவரிடம்தான். பக்கத்து ஹாலில் ரிசப்ஷன் வேறு, பாட்டுச் சத்தத்தில் நான் சொல்வது எதிரில் இருப்பவருக்கு எட்டவில்லை. அண்ணன் அவருக்குப் பக்கத்து நாற்காலியில். அரை மணி நேரத்தில் கொச்சிக்காரரும் அண்ணனையே பார்த்து ரேட் பேச ஆரம்பித்துவிட்டார். அண்ணன் கொத்தனார் வேலை பார்க்கிறவர், நண்டு சாப்பிடத்தான் தெரியும். கிலோவுக்கு 15 ரூபாய் குறைத்து அவர் சொன்னதற்கு, மரியாதைக்கு, "சரி சார், பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டார்.

நான் பேசாமல் இல்லை. இரண்டு தடவை குறுக்கே பேசினேன். "வாயைத் திறந்து கேட்டிருக்கலாமே அக்கா" என்று எழுத வருகிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன். கடைசியில் பில் வந்தது. கறுப்பு மட்டையை நேராகக் கொச்சிக்காரர் முன்னால் வைத்தார்கள். நான் பையைத் திறப்பதற்குள் அவர் கார்டு போய்விட்டது. நான் அழைத்த விருந்துக்கு அவர் காசு. சாப்பாட்டுக்குக் காசு கொடுத்த மனுஷனிடம் போய் 15 ரூபாய்க்கு மல்லுக்கட்ட எனக்கு வாய் வரவில்லை. அந்த சீசன் முழுக்க அதே ரேட். தீபாவளிக்கு என் பெண்களுக்குக் கொடுக்க நினைத்திருந்ததில் பாதிதான் கொடுத்தேன். அந்தத் தம்பி மேல் கோபம் இல்லை, அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. அண்ணன் மேலும் கோபம் இல்லை. இடத்தை மட்டும் பார்த்துவிட்டு, அங்கே பரிமாறப்போகிற ஆளைப் பார்க்காமல் விட்டது என் தப்பு.

இரண்டு வருஷம் கழித்து வேறு கம்பெனியில் இருந்து ஒருவர் வந்தார். இந்தத் தடவை ஒரு வாரம் முன்னாலேயே, அதே கிழமை, அதே எட்டு மணிக்கு, அண்ணன் மகளைக் கூட்டிக்கொண்டு ராமநாதபுரத்தில் ஒரு இடத்துக்குப் போனேன். ருசி பார்க்கப் போகவில்லை, ருசி சுமாராக இருந்தாலே போதும். வருகிறவர் உட்காரும் நாற்காலியில் நான் உட்கார்ந்து பார்த்தேன். ஏசிக் காற்று நேராக உச்சந்தலையில் அடித்தது, மேசையை மாற்றச் சொன்னேன். அவளை எதிரில் உட்காரவைத்துச் சாதாரணக் குரலில் பேசச் சொன்னேன், கேட்டது. கை கழுவும் இடத்துக்குப் போய் வந்தேன். பிறகு சர்வர்களுக்கு மேலே இருக்கிற கேப்டனைக் கூப்பிட்டேன், ஐம்பது வயது இருக்கும்.

"அண்ணே, அடுத்த வியாழக்கிழமை ராத்திரி நாலு பேருக்கு டேபிள். கூப்பிடுறது நான். என்ன வேணும்னு எங்கிட்டதான் கேக்கணும். பில்லு டேபிளுக்கே வரக்கூடாது" என்றேன். 5,000 ரூபாயைக் கல்லாவில் கட்டினேன். அவர் சட்டைப்பையில் இருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்து எழுதிக்கொண்டு, "முதலாளியம்மா நீங்கதானே, சரிம்மா" என்றார். அவ்வளவுதான், வேறு ஒரு கேள்வி இல்லை. இந்த இடம் போதும் என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

வியாழக்கிழமைக்குக் காரணம் உண்டு. ராமேஸ்வரம் விசைப்படகுகள் திங்கள், புதன், சனி கடலுக்குப் போய் மறுநாள் காலையில் கரைக்கு வரும். மற்ற நாள் நாட்டுப்படகுக்கு. புதன் போனது வியாழன் வந்துவிடும், ராத்திரி மேசைக்கு வரும் மீன் அன்றைக்கு வந்ததாக இருக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுக்குத் தடைக்காலம். அப்போது பெரிய மீனை நம்பி மெனு யோசிக்காதீர்கள், நாட்டுப்படகு கொண்டுவருவதுதான். திறந்த வெளியில் கடலோரம் மேசை போடுகிறோம் என்று சொன்னால் மாதத்தைப் பாருங்கள். ஆனி, ஆடியில் தென்மேற்கில் இருந்து அடிக்கிற கச்சான் காற்று தென்கடல் (மன்னார் வளைகுடா) பக்கம் மண்ணை வாரித் தட்டில் போடும். ஐப்பசிக்கு மேல் வாடை, வடகடல் (பாக் நீரிணை) பக்கம் உட்காரவே முடியாது. ராமேஸ்வரத்தில் தங்குகிறவர் என்றால் ஆடி அமாவாசை, தை அமாவாசையை ஒட்டி வைக்கவே வேண்டாம், வண்டி நகராது. கோயிலைச் சுற்றி இருப்பது பெரும்பாலும் சைவ ஹோட்டல்கள்தான், அதையும் மனதில் வையுங்கள்.

இன்னொன்று, கடற்கரைக்கு வந்தவருக்குக் கடல் சாப்பாடுதான் என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள். இரண்டாவதாக வந்தவருடைய ஆபீஸுக்கு நான் முன்னாலேயே போன் போட்டுக் கேட்டேன், "சாருக்கு ராத்திரி என்ன பிடிக்கும்?" என்று. இந்த ஒரு போனுக்கு வெட்கப்படவே கூடாது. நண்டு, இறால் ஒத்துக்கொள்ளாதவர்கள் இருக்கிறார்கள், ஹலால் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள், வெள்ளிக்கிழமை கவுச்சி தொடாதவர்கள் இருக்கிறார்கள். வந்தவர் மூன்று நாளாக ஷெட் ஷெட்டாக ஏறி இறங்கி அவித்த நண்டைத் தொட்டுப் பார்த்து, வாயில் போட்டுப் பார்த்தவர். மேசையில் உட்கார்ந்ததும் விரலை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்துவிட்டு, எழுந்து போய் இன்னொரு தடவை சோப்புப் போட்டுக் கழுவி வந்தார். அவர் ஆசையாகச் சாப்பிட்டது ரசமும் சோறும் உருளைக்கிழங்கு வறுவலும். முண்டு மிளகாய் கிள்ளிப்போட்ட ரசம். "இந்த மிளகாய் எந்த ஊரு?" என்று கேட்டார். எங்க ஊருதான், 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது என்று சொன்னேன். பேச்சு அங்கிருந்துதான் ஆரம்பித்தது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். இப்படிக் கேட்டாலே, "ராமநாதபுரத்தில் என்ன இருக்கு, மதுரைக்குக் கூட்டிட்டுப் போங்க" என்பார்கள். நூறு கிலோமீட்டருக்கு மேல். பகல் முழுக்க ஈரத் தரையில் நின்றவர் வண்டியிலேயே தூங்கிவிடுவார். அதைவிட, அந்தப் பேச்சே எனக்கு வலிக்கிறது. "தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திருவேன்" என்று அதிகாரிகளை மிரட்டுவதற்கு எங்கள் மாவட்டத்தைத்தான் காலம்காலமாகச் சொல்லிவந்தார்கள். தமிழ்நாட்டுக் கடற்கரையில் கிட்டத்தட்ட கால்பங்கு இந்த மாவட்டத்தில் இருக்கிறது. எங்கள் நண்டு கடல் தாண்டிப் போகிறது. தண்டனைக்கு அனுப்புகிற ஊர் என்று கேட்டுக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள், வெளியூரில் சொந்த ஊர்ப் பெயரைச் சொல்லத் தயங்குகிறார்கள். என் அண்ணன் மகளே கல்லூரியில் "மதுரைப் பக்கம்" என்று சொல்லியிருக்கிறாள்.

அந்த வியாழக்கிழமை அண்ணனும் வந்திருந்தார், என் பக்கத்தில் உட்கார்ந்தார். கேப்டன் எல்லாவற்றையும் என்னிடம்தான் கேட்டார். "அம்மா, சாருக்கு இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்தட்டுமா?" என்பதைக்கூட. பத்து நிமிஷத்தில் வந்தவரும் என்னைப் பார்த்தே பேச ஆரம்பித்தார். சாப்பிட்டு முடித்துப் பர்ஸை எடுத்தபோது, "கணக்கு முடிஞ்சிருச்சு சார்" என்றார் கேப்டன். பர்ஸைத் திரும்ப வைத்துவிட்டு, "சரி, உங்க ரேட் என்னம்மா?" என்று கேட்டார். சொன்னேன். இரண்டு ரூபாய் குறைக்கச் சொன்னார், குறைத்தேன்.

எந்த உணவகம் என்று கேட்டு மெசேஜ் போட வேண்டாம். அந்தக் கேப்டன் இப்போது அங்கே இல்லை, காரைக்குடிப் பக்கம் போய்விட்டாராம்.