அருகு காய்ந்தால் பதறாதீர்கள்

புல்தரை பற்றிய வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்பவர், முப்பத்திரண்டு ஆண்டுகள் பல ஊர் கோல்ஃப் மைதானங்களில் புல் வளர்த்து ஓய்வுபெற்றவர். இப்போது நாகமலை அடிவாரத்தில் இரண்டு மாடுகளோடு இருக்கிறார்.

கேள்வி: நத்தம் சாலையில் எங்கள் விடுதியை ஒட்டி நாற்பது ஏக்கரில் ஒன்பது குழி கோல்ஃப் மைதானம் அமைக்கிறோம். 'சுற்றுச்சூழலுக்கு உகந்த மைதானம்' என்று பலகை வைக்க முதலாளி விரும்புகிறார். எந்தப் புல், எந்த உரம், எந்த மருந்து என்று சொல்லுங்கள் ஐயா. (விடுதி மேலாளர், மதுரை)

பலகைக்கு வர்ணம் அடித்தாகிவிட்டது போலிருக்கிறது. இருக்கட்டும். புல், உரம், மருந்து என்று மூன்று கேட்டீர்கள், தம்பி. எத்தனை ஏக்கருக்குத் தண்ணீர் விடலாம் என்று கேட்கவில்லை. நான் அங்கிருந்துதான் தொடங்குவேன்.

மே மாத வெயிலில் பசுமை குறையாமல் நிற்கப் புல்லுக்கு நாளொன்றுக்கு ஐந்து மில்லிமீட்டர் தண்ணீராவது வேண்டும். ஏக்கருக்கு அது 20,000 லிட்டர். 12,000 லிட்டர் லாரியில் ஒன்றரை லாரிக்கு மேல். நாற்பது ஏக்கரும் பச்சையாக இருக்க வேண்டுமென்றால் தினமும் எட்டு லட்சம் லிட்டர், அதாவது அறுபத்தாறு, அறுபத்தேழு லாரி. ஆழ்குழாயில் எடுத்துக்கொள்வோம் என்பீர்கள். ஆண்டுக்குச் சுமார் 85 சென்டிமீட்டர் மழை பெறும் ஊர் இது. அதிலும் பெரிய பங்கை ஐப்பசியும் கார்த்திகையும் கொட்டிவிட்டுப் போய்விடும். சித்திரையில் உங்கள் மோட்டார் இழுப்பது பக்கத்துத் தோப்புக்காரரின் தண்ணீர்.

ஆட்டத்துக்கு உண்மையில் பச்சை வேண்டிய இடம் எவ்வளவு? குழி இருக்கும் கிரீன் ஒன்றுக்கு ஐந்நூறு சதுர மீட்டர் என்று வைத்தால், ஒன்பதும் சேர்ந்து ஒரு ஏக்கரைச் சற்றுத் தாண்டும். முதல் அடி அடிக்கும் டீ மேடைகளுக்கு அரை ஏக்கர். டீக்கும் கிரீனுக்கும் இடைப்பட்ட ஃபேர்வேயில் பந்து வந்து விழும் இடங்களுக்கு மட்டும் ஆறேழு ஏக்கர். ஆக ஒன்பது ஏக்கருக்குள் முடிந்துவிடும். மீதி முப்பது ஏக்கரில் குழாயே பதிக்காதீர்கள். குழாய் இருந்தால் திறக்கத்தான் தோன்றும். அங்கே நிற்கும் வேம்பும் புங்கனும் இலுப்பையும் அப்படியே நிற்கட்டும். சீமைக்கருவேலத்தை மட்டும் வேரோடு எடுங்கள்.

அந்த ஒன்பது ஏக்கருக்கும் முதலில் விடுதியின் குளியலறைத் தண்ணீரைச் சுத்திகரித்து விடுங்கள். அதில் தழைச்சத்தும் கொஞ்சம் இருக்கும், அந்த அளவுக்கு உரத்தைக் குறைக்கலாம்.

புல்லைப் பற்றி. உலகத்தின் வெப்பமான ஊர்களில் கோல்ஃப் ஆடப்படுவது பெரும்பாலும் நம் பிள்ளையாருக்குச் சாத்தும் அருகின் மேல்தான். அதை ஆப்பிரிக்க உறவுப்புல் ஒன்றோடு சேர்த்து அமெரிக்காவின் டிஃப்டன் என்ற ஊரில் ஒட்டு வகைகள் உண்டாக்கினார்கள்: டிஃப்வே 1960-இல், டிஃப்ட்வார்ஃப் 1965-இல். இவற்றுக்கு முளைக்கும் விதை கிடையாது, கொடியைத்தான் நட வேண்டும். 'விதை தருகிறேன்' என்று யாராவது வந்தால் அனுப்பிவிடுங்கள். கிரீனுக்கும் டீக்கும் ஒட்டு வகை போதும், மற்ற இடமெல்லாம் நாட்டு அருகு. தண்ணீரின் உப்பை மட்டும் முன்கூட்டிச் சோதித்துவிடுங்கள். மின்கடத்தும் திறன் மீட்டருக்கு மூன்று டெசிசைமனைத் தாண்டினால், உப்பைத் தாங்கும் பாஸ்பலம் புல்லைத்தான் நினைக்க வேண்டும்.

இன்னொன்று, யாரும் பேசாதது: மணல். 1960-இல் அமெரிக்க கோல்ஃப் சங்கம் வகுத்த முறைப்படி கிரீன் கட்டினால், பத்து சென்டிமீட்டர் சரளைக்கு மேல் முப்பது சென்டிமீட்டர் மணல். உங்கள் ஒன்பது கிரீனுக்கு ஏறத்தாழ 475 யூனிட். அது எந்த ஆற்றிலிருந்து, எந்த நேரத்தில், எந்த ரசீதோடு வரும்? வைகையைப் பாலத்தின் மேலிருந்து ஒரு நிமிடம் எட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். உள்ளூர் மண்ணையே மேடாக்கி, அடியில் வடிகால் குழாய் வைத்து, மேலே மெல்லிய மணல் மட்டும் தூவி வளர்த்த கிரீன்களில் நான் பன்னிரண்டு ஆண்டுகள் வேலை பார்த்திருக்கிறேன். அடைமழையில் ஒரு நாள் ஆட்டம் நிற்கும், அவ்வளவுதான்.

கேள்வி: எங்கள் கண்மாய்க்கு மேற்பக்கம் ஒரு கோல்ஃப் மைதானம் வரப்போவதாகப் பேச்சு. மருந்தும் உரமும் கண்மாயில் இறங்கிவிடுமா? (விவசாயி, மேலூர் வட்டாரம்)

இறங்கும், அண்ணே. என் கையாலேயே ஒரு முறை இறங்கியிருக்கிறது.

1998. கடற்கரை ஊர் ஒன்றில் வேலை. ஒரு கிரீனில் புல்லை இழுத்தால் பாய் போலக் கையோடு வந்தது, அடியில் வேர்ப்புழு. மறுவாரம் போட்டி. குளோர்பைரிபாஸ் என்ற பூச்சிமருந்தை அடிக்கச் சொன்னார்கள், அடித்தேன். வானம் மூட்டமாக இருந்ததைப் பார்த்துவிட்டுத்தான் அடித்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். இரவு ஒன்பது மணிக்கு மழை பிடித்தது. காலையில் ஏழாவது குழியை ஒட்டிய குட்டையில் கெண்டைகள் வயிற்றைக் காட்டி மிதந்தன. ஆட்டக்காரர்கள் வருவதற்குள் இரண்டு கூடை அள்ளிப் புதைத்தோம். யாரும் என்னைத் திட்டவில்லை. கிரீன் நன்றாக இருக்கிறது என்று பாராட்டினார்கள்.

அதன் பிறகு நான் வேலை பார்த்த இடங்களில் மூன்று கட்டுப்பாடு வைத்தேன். நீர்க்கரையிலிருந்து பதினைந்து மீட்டருக்குள் எந்த மருந்தும் கிடையாது. அந்தப் பட்டையில் வெட்டிவேர் நட்டு, புல்லையும் முழங்கால் உயரத்துக்கு விட்டுவிடுவது. வழிந்தோடும் மண்ணையும் உரத்தையும் அது பிடித்துக்கொள்ளும். உரத்தை மூட்டையாகக் கொட்டாமல் வாரம் ஒரு கை அளவாகக் கொடுப்பது, மழைக்கு முன்தினம் அறவே கொடுக்காதது. வெட்டிய புல்லை அள்ளிப்போய்க் குப்பையில் போடாமல் தரையிலேயே விட்டாலும் உரச் செலவு நன்றாகக் குறையும். இதையெல்லாம் அவர்களிடம் எழுத்தில் கேளுங்கள்.

அதைவிட முக்கியம், மைதானம் வருவதற்கு முன்பே உங்கள் ஊர்க் கிணற்றுத் தண்ணீரைச் சோதித்து அறிக்கையைப் பத்திரப்படுத்துங்கள். குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது இந்தியத் தர அளவு. இன்றைய எண் கையில் இல்லாவிட்டால், நாளை ஏறிய எண்ணை யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். எலிக்கு விஷம் வைப்பார்களா என்றும் கேளுங்கள். உங்கள் பக்கத்தில் அரிட்டாபட்டி இருக்கிறது. 2022-இல் தமிழகத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட ஊர். அங்கே வட்டமிடும் கழுகுகளுக்கும் வல்லூறுகளுக்கும், மைதானத்தில் விஷம் தின்று தள்ளாடும் எலி சுலபமான இரை.

கேள்வி: நீங்கள் சொன்ன வேர்ப்புழு எங்கள் கல்லூரி மைதானத்திலும் இருக்கிறது. மருந்தில்லாமல் வழியுண்டா? (மைதானப் பராமரிப்பாளர், திருமங்கலம்)

உண்டு. ஆனால் புழுவைத் தேடாதீர்கள், அதன் அப்பன் ஆத்தாளைத் தேடுங்கள். கோடையின் முதல் நல்ல மழை பெய்த அன்று, பொழுது சாய்ந்ததும் வேப்பமரத்தடிக்குப் போங்கள். மண்ணிலிருந்து கிளம்பிய பழுப்பு வண்டுகள் இலையைத் தின்ன மரத்தில் மொய்க்கும். கிளையை உலுக்கினால் பொலபொலவென்று விழும். கீழே சாக்கை விரித்து, பொறுக்கி, மண்ணெண்ணெய் கலந்த தண்ணீரில் போடுங்கள். பக்கத்தில் ஒரு விளக்குப் பொறியும் வைக்கலாம். நான்கைந்து மாலை இதைச் செய்தால் முட்டையிடும் கூட்டம் பெரிதும் குறையும். மாணவர்களைக் கூப்பிடுங்கள், சிரித்துக்கொண்டே செய்வார்கள். பிறகு தரையில் வேப்பம் புண்ணாக்குத் தூள். மிஞ்சும் புழுவை மைனாவும் கொக்கும் பார்த்துக்கொள்ளும்.

கோரைக்கு மட்டும் என்னிடம் குறுக்கு வழி இல்லை. மழை விட்ட மறுநாள், மண் இளகியிருக்கும்போது கிழங்கோடு தோண்ட வேண்டும். மேலே கிள்ளினால் ஒன்றுக்கு மூன்றாக வரும்.

கேள்வி: மயில்கள் புல்தரையைக் கிளறுகின்றன. என்ன செய்வது? (அழகர்கோவில் சாலை)

ஒன்றும் செய்யக் கூடாது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தின் உச்சப் பாதுகாப்பு அதற்கு உண்டு. அது கிளறிய இடத்தில் மண்ணைத் தோண்டிப் பாருங்கள், பெரும்பாலும் புழு இருக்கும். இலவசமாக வேலைக்கு வந்திருக்கிறது.

கேள்வி: கொடைக்கானல் கோல்ஃப் மைதானத்தைப் பார்த்து வந்தேன், கண்ணுக்குக் குளிர்ச்சி. இங்கே நான் செயலாளராக இருக்கும் மன்றத்துப் புல்தரையோ மாசியிலேயே பழுப்பாகிவிடுகிறது. உறுப்பினர்கள் முகம் சுளிக்கிறார்கள். (மதுரை)

கொடைக்கானல் மன்றம் தொடங்கியது 1895-இல். பெரியாறு அணை முடிந்து, மேற்கே போய்க்கொண்டிருந்த தண்ணீர் நம் பக்கம் திரும்பியதும் அதே ஆண்டுதான். அந்த மைதானம் இருப்பது கடல் மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்கு மேல், மேகத்துக்குள். அதன் பச்சை மழை கொடுத்த பச்சை. அதே நிறத்தை மதுரையில் கேட்பது, சித்திரைத் திருவிழாக் கூட்டத்தில் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு நிற்பது போல.

பழுத்த அருகு செத்த அருகு அல்ல. தண்ணீர் குறைந்தால் இலையைக் காயவிட்டுத் தரைக்கடியில் தண்டாகப் படுத்துக்கொள்ளும், ஒரு மழை போதும், பத்து நாளில் எழுந்துவிடும். 'அருகுபோல் வேரோடி' என்று மணமக்களை வாழ்த்துகிறோமே, எதற்கு? வெட்டும் உயரத்தைக் கோடையில் கொஞ்சம் ஏற்றினால் வேரும் ஆழம் போகும். பழுப்புத் தரையில் பந்து நன்றாக உருளும் என்பதை ஆடுபவர்களிடம் சொல்லுங்கள், அந்த மொழி அவர்களுக்குப் புரியும். இந்த ஆட்டத்தின் தாய்வீடான ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸில் பழைய மைதானத்தில் பெரிய போட்டிகள் தவிர ஞாயிற்றுக்கிழமை ஆட்டமே கிடையாது, தரைக்கு ஓய்வு. உங்கள் மன்றத்தில் வாரம் ஒரு நாள் பூட்டுப் போடுங்கள், பழுப்பில் பாதி மிதிபட்டதால் வந்தது என்பது தெரியும்.

கேள்வி: வீட்டு ஆர்.ஓ. இயந்திரத்தின் கழிவுத் தண்ணீரைப் புல்லுக்கு விடலாமா? (இல்லத்தரசி, ஐயர் பங்களா)

வேண்டாம் அம்மா. உங்கள் குழாய்த் தண்ணீரின் உப்பெல்லாம் திரண்டு நிற்பது அதில்தான். இரண்டு மாதம் பச்சையாக இருக்கும், மூன்றாம் மாதம் மண் வெள்ளை பூக்கும். அதை வீடு துடைக்கவும் வண்டி கழுவவும் வைத்துக்கொள்ளுங்கள். புல்லுக்கு அரிசி களைந்த தண்ணீர் விடுங்கள், அதுவும் நாற்காலி போட்டு உட்காரும் இடத்துக்கு மட்டும்.