குரோம் திறந்தாலே பாஸ்வேர்டு கேட்கும் லினக்ஸ் லேப்டாப்: கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, உபுண்டுவில் குரோமைத் திறந்தாலே "லாகின் கீரிங்" பாஸ்வேர்டு கேட்கிறது. சரியான பாஸ்வேர்டைக் கொடுத்தாலும் ஏற்கவில்லை. போன மாதம் பாஸ்வேர்டு மறந்துபோய் ரெக்கவரி மோடில் மாற்றினேன்.

பதில்: கடைசி வரியில்தான் விஷயமே இருக்கிறது, தம்பி. கீரிங் என்பது குரோம், வைஃபை, மெயில் ரகசியங்களைப் பூட்டி வைக்கும் பெட்டி. லாகினில் நீங்கள் அடிக்கும் பாஸ்வேர்டைக் கொண்டே 'பாம்' என்ற அமைப்பு அந்தப் பெட்டியையும் திறந்துவிடும். செட்டிங்ஸில் மாற்றினால் பழையதைக் கேட்டு வாங்கிக்கொள்ளும். பெட்டியின் பூட்டும் கூடவே மாறும். ரெக்கவரி மோடில் ரூட்டாக, அதாவது முழு அதிகாரம் உள்ள பயனராக, மாற்றும்போது பழையதை யாரும் கேட்பதில்லை. அதனால் லாகினுக்குப் புதுச் சாவி, பெட்டிக்கு இன்னும் பழைய சாவி.

முதலில் பழைய பாஸ்வேர்டைப் போட்டுப் பாருங்கள். திறந்தால், கீரிங்குகளைக் காட்டும் சீஹார்ஸ் செயலியில் 'லாகின்' மீது ரைட் கிளிக் செய்து, இப்போதைய லாகின் பாஸ்வேர்டையே அதற்கும் வையுங்கள். பழையது நினைவில் இல்லையென்றால், ஹோம் ஃபோல்டரில் மறைந்த ஃபோல்டர்களைக் காட்ட கண்ட்ரோல்-எச் அழுத்தி, டாட் லோக்கல், ஷேர், கீரிங்ஸ் என்று உள்ளே போய் லாகின் கீரிங் ஃபைலின் பெயரை மாற்றிவிட்டு, வெளியேறி மறுபடி லாகின் செய்யுங்கள். புதுப் பெட்டி உருவாகும். தயவுசெய்து பழைய ஃபைலை அழிக்காதீர்கள். குரோம் தன் பாஸ்வேர்டுகளைப் பூட்டும் சாவியும் அதற்குள்தான் இருக்கிறது. பழைய பாஸ்வேர்டு ஒரு வாரம் கழித்து ஞாபகம் வரலாம்.

கேள்வி: நான் எதையும் மாற்றவில்லை. ஆட்டோமேட்டிக் லாகின் மட்டும் போட்டேன்.

பதில்: நீங்கள் பாஸ்வேர்டே அடிக்காதபோது பெட்டியை எதை வைத்துத் திறக்கும்? ஆட்டோமேட்டிக் லாகினை எடுத்துவிடுங்கள்.

கேள்வி: விரல்ரேகையில் லாகின் செய்கிறேன், சார்.

பதில்: அதே காரணம். லேப்டாப்பை ஆன் செய்தவுடன் முதல் லாகினுக்கு பாஸ்வேர்டு அடியுங்கள். அப்புறம் திரைப்பூட்டுக்கு விரல் போதும்.

கேள்வி: குபுண்டுவில் கேவாலட் கேட்கிறது.

பதில்: கேவாலட் என்பது குபுண்டுவின் கீரிங். தானாகத் திறக்க, வாலட்டின் பெயர் 'கேடிஇவாலட்' என்றே இருக்க வேண்டும். பூட்டு முறை ப்ளோஃபிஷ், பாஸ்வேர்டு லாகினுடையதே. ஜிபிஜி முறையில் உருவாக்கியிருந்தால் தானாகத் திறக்காது.

கேள்வி: எதற்கு இவ்வளவு சுற்று? கீரிங் பாஸ்வேர்டைக் காலியாக விட்டால் தீர்ந்தது.

பதில்: கேட்பது நிற்கும். ஆனால் உள்ளே இருப்பதெல்லாம் பூட்டில்லாத வெறும் எழுத்தாக டிஸ்கில் கிடக்கும். லேப்டாப் திருடுபோனால் லினக்ஸை நேரடியாக இயக்கும் ஒரு லைவ் பென்டிரைவ் போதும், எல்லாவற்றையும் படித்துவிடலாம்.

கேள்வி: பெட்டி திறந்திருக்கும்போது என் பெயரில் ஓடும் எந்த புரோகிராமும் படிக்கலாமே? பிறகு பூட்டு எதற்கு?

பதில்: உண்மைதான், வைரஸ் வந்தால் இந்தப் பூட்டு உதவாது. நான் பயப்படுவது பஸ்ஸில் தவறவிட்ட லேப்டாப்பைப் பற்றி.

கேள்வி: என் டிஸ்க் முழுவதையும் பூட்டும் லக்ஸ் என்கிரிப்ஷன் போட்டிருக்கிறேன்.

பதில்: அப்படியென்றால் உங்கள் வாதத்தை ஏற்கிறேன். அணைத்து வைத்த லேப்டாப்பில் எதையும் படிக்க முடியாது. லக்ஸ் இல்லாதவர்கள் மட்டும் இந்தக் காலி பாஸ்வேர்டு வழியைப் பின்பற்ற வேண்டாம்.

கேள்வி: ஆட்டோமேட்டிக் லாகின் வைத்திருக்கிறேன், குரோம் பாஸ்வேர்டு...

பதில்: இரண்டாவது பதிலைப் படியுங்கள்.

கேள்வி: டெர்மினலில் நிர்வாகி அதிகாரத்துடன் கட்டளை ஓட்டும் சூடோ அடிக்கடி பாஸ்வேர்டு கேட்கிறதே?

பதில்: அது வேறு விஷயம். உபுண்டுவில் வழக்கமாக 15 நிமிடம் நினைவில் வைத்திருக்கும், அப்புறம் கேட்கும். அதை அப்படியே விடுங்கள்.