பொடி வைத்து எழுதிய வரிக்கு வக்கீல் நோட்டீஸ் வந்தால்

கேள்வி: எங்கள் பேரூராட்சியில் போட்ட தார்ச்சாலை மூன்று மாதத்திலேயே பெயர்ந்துவிட்டது. ஊர்க்காரர்களின் ஃபேஸ்புக் குழுவில் படத்துடன் இப்படி எழுதினேன்: “மூன்று மாதத்தில் பெயர்ந்த சாலை. கையால் கிள்ளினாலே ஜல்லி வருகிறது. மீதி ஜல்லி எந்தப் புது மாடிக்குப் போனதோ? எங்கள் ஒப்பந்ததாரர் மிகவும் நேர்மையானவர், அவரை நான் சொல்லவில்லை.” கீழே பலர் இன்னும் காரமாக எழுதினார்கள். இப்போது ஏழு நாளில் நிபந்தனையற்ற மன்னிப்பும் பத்து லட்சம் ரூபாய் இழப்பீடும் கேட்டு ஒப்பந்ததாரரின் வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கிறது. வார்டு கவுன்சிலரின் ஆட்கள் சைபர் கிரைமில் புகார் கொடுத்து உள்ளே தள்ளுவோம் என்கிறார்கள். நான் யார் பெயரையும் எழுதவில்லை. பதிவை நீக்கிவிட்டு மன்னிப்புக் கேட்டுவிடலாமா? – ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர்.

பதில்: முதலில் பயத்தைத் தீர்த்துக்கொள்வோம். வக்கீல் நோட்டீஸ் என்பது எதிர்த்தரப்பின் கோரிக்கைக் கடிதம். அதில் எழுதியிருக்கும் பத்து லட்சமும் ஏழு நாளும் அவர்கள் விதித்தவையே தவிர, எந்த நீதிமன்றமும் விதித்தவை அல்ல. உரிய நேரத்தில் ஒரு வழக்கறிஞர் மூலம் பதில் அனுப்புவது நல்லது. பதிலே அனுப்பாமல் இருந்தால், குற்றச்சாட்டை மறுக்கக்கூட இல்லை என்று பின்னாளில் சொல்ல அவர்களுக்கு இடம் கிடைக்கும்.

“உள்ளே தள்ளுவோம்” என்ற மிரட்டலுக்கு அதைவிடக் குறைந்த மதிப்பே உண்டு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவுதான் இன்று அவதூறு பற்றிய சட்டம். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 499, 500 பிரிவுகள் அநேகமாக வார்த்தை மாறாமல் இதில் வந்து சேர்ந்துள்ளன. தண்டனை இரண்டாண்டு வரை வெறுங்காவல், அல்லது அபராதம், அல்லது இரண்டும். புதிய சட்டம் சமூக சேவையையும் ஒரு தண்டனையாகச் சேர்த்திருக்கிறது. ஆனால் இது ஜாமீனில் விடத்தக்க குற்றம். பிடியாணையின்றிக் காவல்துறை கைது செய்ய முடியாத குற்றம். நடுவர் (மாஜிஸ்திரேட்) நீதிமன்றத்தின் உத்தரவு இல்லாமல் புலனாய்வைத் தொடங்கக்கூட முடியாது. பாதிக்கப்பட்டதாகக் கருதுபவரே நடுவர் முன் தனிப்புகார் தாக்கல் செய்ய வேண்டும். அவருடைய ஆதரவாளர்களும் தெருக்காரர்களும் அவர் சார்பில் புண்பட்டுக்கொள்ள முடியாது. நடிகை குஷ்பு தெரிவித்த கருத்துக்காகப் பல ஊர்களில் தொடுக்கப்பட்ட வழக்குகளை 2010இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தபோது, புகார்தாரர்கள் சட்டம் சொல்லும் பொருளில் பாதிக்கப்பட்டவர்கள் அல்லர் என்பதையும் ஒரு காரணமாகச் சொன்னது. ஒரு காலத்தில் இணையப் பதிவுகளுக்கெல்லாம் எடுத்து வீசப்பட்ட தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவு 2015 மார்ச் 24 அன்றே செல்லாது என்று அறிவிக்கப்பட்டுவிட்டது. அதன் பிறகும் நாட்டின் பல இடங்களில் அந்தப் பிரிவில் வழக்குப் பதிவு செய்துகொண்டிருந்ததால், 2022 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் மறுபடியும் உத்தரவிட வேண்டியிருந்தது. காவல் நிலையத்திலிருந்து தொலைபேசி வந்தால், எந்தப் பிரிவில் என்று எழுத்தில் கேளுங்கள். அந்தக் கேள்விக்கே பல அழைப்புகள் நின்றுவிடுவதைக் கண்டிருக்கிறேன்.

இனி உங்கள் பதிவுக்கு வருவோம். அதில் நான்கு வாக்கியங்கள் இருக்கின்றன. முதல் இரண்டும் ஒரு ரகம், பின் இரண்டும் வேறு ரகம்.

மூன்று மாதத்தில் சாலை பெயர்ந்தது என்பதும், கிள்ளினால் ஜல்லி கையோடு வருகிறது என்பதும் கண்ணால் கண்ட செய்திகள். படமும் இருக்கிறது. இவற்றுக்காக உங்கள் மீது யாரும் வழக்கு நடத்தி வெல்ல முடியாது என்பது என் கருத்து. ஜல்லி எந்த மாடிக்குப் போனதோ என்ற மூன்றாம் வாக்கியம் கேள்விக்குறியோடு முடிந்தாலும், ஒருவர் பொதுப் பொருளைத் தன் வீட்டுக்குக் கடத்தினார் என்ற குற்றச்சாட்டைத்தான் சொல்கிறது. நான்காம் வாக்கியத்தைப் பாதுகாப்புக் கவசம் என்று நினைத்து எழுதியிருப்பீர்கள். ஆபத்து மிகுந்தது அதுதான்.

நையாண்டியாகச் சொன்னாலும், இதுவோ அதுவோ என்று மாற்றி மாற்றிச் சொன்னாலும், அது அவதூறாகலாம் என்று 356ஆம் பிரிவின் மூன்றாம் விளக்கமே கூறுகிறது. 1860ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து தொடரும் ஓர் எடுத்துக்காட்டும் அங்கே இருக்கிறது. “இசட் நேர்மையானவர், பி-யின் கடிகாரத்தை அவர் திருடவே இல்லை” என்று ஒருவர் சொல்கிறார். திருடியது இசட்தான் என்று கேட்பவர் நம்ப வேண்டும் என்பது அவருடைய நோக்கம். இது அவதூறு என்கிறது சட்டம். நூற்று அறுபது ஆண்டுகளுக்கு முன் அச்சேறிய அந்த எடுத்துக்காட்டைக் கடிகாரத்துக்குப் பதில் ஜல்லியை வைத்து நீங்கள் மறுபடியும் எழுதியிருக்கிறீர்கள், ஐயா. பெயர் எழுதவில்லை என்பதும் உதவாது. அந்தச் சாலையைப் போட்ட ஒப்பந்ததாரர் ஒருவரே. படித்த ஊர்க்காரர் எல்லோருக்கும் யாரைச் சொல்கிறீர்கள் என்று தெரியும். சட்டத்துக்கு அந்த அடையாளம் போதும்.

ஆனாலும் குத்தலாக எழுதுவதையே சட்டம் தடுக்கிறது என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. அவதூறு என்று விளக்கியதும் அதே பிரிவு பத்து விதிவிலக்குகளை அடுக்குகிறது. உண்மையானதும் பொது நன்மைக்கானதுமான செய்தி, பொது ஊழியர் தம் கடமையைச் செய்த விதம் பற்றிய கருத்து, பொதுப் பிரச்சினையில் எவர் ஒருவரின் நடத்தை பற்றிய கருத்து, முடிவாகிவிட்ட வழக்கு பற்றிய கருத்து, மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்ட படைப்பு பற்றிய விமர்சனம் என்று அந்தப் பட்டியல் போகிறது. கருத்தைப் பொறுத்தவரை, நல்லெண்ணத்துடன் சொல்லப்பட்டிருக்க வேண்டும் என்பதே நிபந்தனை. சட்டத்தில் நல்லெண்ணம் என்றால் மனது சுத்தம் என்று பொருளல்ல. உரிய அக்கறையோடும் கவனத்தோடும் செய்திருக்க வேண்டும் என்று பொருள். அதாவது, எழுதும் முன் விசாரித்தீர்களா என்பதே கேள்வி.

விமர்சனம் எங்கே முடிகிறது, வசை எங்கே தொடங்குகிறது என்பதைக் காட்ட ஆறாம் விதிவிலக்கில் ஒரு புத்தக விமர்சகரைக் கொண்டுவருகிறார்கள். “இந்தப் புத்தகம் அசட்டுத்தனமானது, இசட் பலவீனமான மனிதராகத்தான் இருக்க வேண்டும். புத்தகம் ஆபாசமானது, இசட்டின் மனமும் அழுக்கானதாகத்தான் இருக்க வேண்டும்” என்று நல்லெண்ணத்துடன் எழுதினால் குற்றமில்லை. “இசட்டின் புத்தகம் அசட்டுத்தனமாகவும் ஆபாசமாகவும் இருப்பதில் எனக்கு வியப்பில்லை; அவர் பலவீனமானவர், ஒழுக்கங்கெட்டவர்” என்று எழுதினால் விதிவிலக்கு கிடையாது. இரண்டிலும் வசவு ஏறத்தாழ ஒன்றுதான். முதலாவதில் புத்தகத்திலிருந்து புறப்பட்டு, அது காட்டும் அளவுக்கு மட்டும் ஆளைப் பற்றி ஒரு முடிவுக்கு வருகிறார். இரண்டாவதில் ஆள் மோசம் என்பதை முன்னமே முடிவு செய்துகொண்டு, புத்தகத்தை அதற்குச் சாட்சியாக்குகிறார். பொதுவெளியில் கடுமையாக எழுத விரும்பும் எவரும் இந்த எடுத்துக்காட்டை ஒரு முறை படித்துவிட வேண்டும் என்பேன். சட்டக் கல்லூரிகளில்கூட இதை ஒரு நிமிடத்தில் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

உங்கள் சாலைக்கு இதைப் பொருத்தினால், “இவ்வளவு செலவில் போட்ட சாலை மூன்று மாதத்தில் பெயர்கிறது என்றால், வேலை நடந்தபோது மேற்பார்வை எந்த லட்சணத்தில் இருந்தது, அளவு எடுக்காமலே பில் பாஸ் ஆனதா?” என்று எழுதலாம். கடுமை குறையவில்லை, கேள்வி பெயர்ந்த சாலையிலிருந்தே எழுகிறது. புது மாடி என்ற சொல்லுக்கு உங்களிடம் ஆதாரம் இல்லாதவரை அதைத் தொடாதீர்கள்.

எதிரே நிற்பவர் யார் என்பதைப் பொறுத்தும் நிலை மாறும். பேரூராட்சி உங்கள் மீது அவதூறுக்காக இழப்பீட்டு வழக்கு தொடுக்கவே முடியாது. ஆட்டோ சங்கர் தன்வரலாறு தொடர்பாக நக்கீரன் இதழ் நடத்திய வழக்கில், 1994இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது. பொது அதிகாரிகள் தம் கடமை தொடர்பான விமர்சனத்துக்காக இழப்பீடு கேட்டால், எழுதியவர் உண்மையைப் பற்றிச் சற்றும் கவலைப்படாமல் பொய்யை எழுதினார் என்று அவர்களே நிறுவ வேண்டும் என்றும் அதே தீர்ப்பு கூறுகிறது. கவுன்சிலருக்கும் அந்த அளவுகோலே பொருந்தும் என்று வாதிடலாம். ஒப்பந்ததாரரோ தனிமனிதர், அவருக்குக் கூடுதல் பாதுகாப்பு உண்டு. அரசுப் பணத்தில் போட்ட சாலை பொதுப் பிரச்சினை என்பதால், அந்த வேலையைப் பற்றிய கருத்துக்கு மூன்றாம் விதிவிலக்கு உங்களுக்குத் துணை வரும். அவருடைய வீடு, குடும்பம், சாதி ஆகியவற்றுக்கு அது வராது.

உரிமையியல் (சிவில்) வழக்கில், எழுதியது உண்மை என்று நிறுவிவிட்டாலே போதும். குற்ற வழக்கில் உண்மையோடு பொது நன்மையும் வேண்டும். இந்த ஏற்பாடு கருத்துரிமையை நெருக்குகிறது என்ற வாதத்தை 2016 மே மாதம் சுப்பிரமணியன் சுவாமி வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. அந்தத் தீர்ப்பில் எனக்கு முழு உடன்பாடில்லை, ஆனாலும் இன்றைய சட்டம் அதுதான்.

ஆகவே உண்மையைத் திரட்டுங்கள். பத்து ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் மதிப்பீடு, பணி ஆணை, அளவுப் புத்தகத்தின் நகல், தரச் சோதனை அறிக்கை, ஒப்பந்ததாரர் தம் செலவில் பழுதுபார்க்க வேண்டிய காலம் ஆகியவற்றைக் கேளுங்கள். முப்பது நாளில் பதில் வர வேண்டும். பலருக்குத் தெரியாத ஒரு வசதியும் அந்தச் சட்டத்தில் உண்டு: 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் 2(ஜே) பிரிவு, வேலையை நேரில் பார்வையிடவும், பயன்படுத்திய பொருளின் சான்றளிக்கப்பட்ட மாதிரியைப் பெறவும் குடிமகனுக்கு உரிமை தருகிறது. கையால் கிள்ளிய ஜல்லியைவிட, அலுவலர் முன்னிலையில் வெட்டியெடுத்த ஒரு துண்டுச் சாலை நீதிமன்றத்தில் நன்றாகப் பேசும்.

பதிவை நீக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். முதலில் பதிவையும் அதன் கீழுள்ள எல்லாப் பின்னூட்டங்களையும் தேதி, நேரம் தெரியும்படி ஸ்க்ரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள். சாலையைப் படமெடுத்த கைபேசியை மாற்றவோ அழிக்கவோ வேண்டாம். மின்னணுச் சான்றுக்குப் புதிய சாட்சியச் சட்டத்தின்படி தர வேண்டிய சான்றிதழுக்கு அது வேண்டியிருக்கும். அதன் பிறகு மூன்றாம், நான்காம் வாக்கியங்களை மட்டும் எடுத்துவிட்டு, திருத்தப்பட்டது என்று குறிப்பிடுங்கள். முழுப் பதிவையும் நீக்கினால், சரியாகச் சொன்ன செய்தியையும் தவறு என்று நீங்களே ஒப்புக்கொண்டது போலாகிவிடும். நீக்கியதாலோ திருத்தியதாலோ நடந்தது நடக்காததாகிவிடாது. ஆனால் தீங்கு தொடரவில்லை என்பதும் உங்கள் நல்லெண்ணமும் அதில் தெரியும். நிபந்தனையற்ற மன்னிப்பு என்று அவர்கள் தயாரித்து அனுப்பும் வாசகத்தில் கையெழுத்திடாதீர்கள். “இன்ன வாக்கியம் தங்கள் நேர்மையைக் குறித்த குற்றச்சாட்டாகப் பொருள்படும் என்பதால் அதைத் திரும்பப் பெறுகிறேன், வருந்துகிறேன், சாலையின் தரம் பற்றிய என் கேள்விகள் அப்படியே இருக்கின்றன” என்ற அளவில் நிற்கலாம்.

பின்னூட்டங்கள்தான் எனக்கு அதிகக் கவலை தருகின்றன. பிறர் எழுதியதற்குப் பொதுவாக அவரவரே பொறுப்பு. வாட்ஸ்அப் குழுவின் அட்மின் என்பதற்காக மட்டும் ஒருவரைக் குற்றவாளியாக்க முடியாது என்று மும்பை, கேரள உயர் நீதிமன்றங்களும், நம் மதுரைக் கிளையும் சொல்லியுள்ளன. நீங்கள் ஒன்றை எடுத்துப் பகிர்ந்தால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். பெண் பத்திரிகையாளர்களைப் பற்றிய ஒரு பதிவை 2018இல் பகிர்ந்த நடிகர் எஸ்.வி. சேகர், அதைப் படிக்காமலே பகிர்ந்ததாகச் சொல்லி, நீக்கி, மன்னிப்பும் கேட்டார். ஆனாலும் வழக்கை ரத்து செய்யச் சென்னை உயர் நீதிமன்றமும், 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும் மறுத்துவிட்டன. ஆகவே உங்கள் பதிவின் கீழ் யாராவது ஒப்பந்ததாரரின் சாதியையோ அவர் வீட்டுப் பெண்களையோ இழுத்திருந்தால், அதற்கு விருப்பக்குறி இடாதீர்கள், பதில் எழுதாதீர்கள், உங்களால் முடியுமானால் உடனே அகற்றிவிடுங்கள். இழிவுபடுத்தப்பட்டவர் பட்டியல் சாதியினராகவோ பழங்குடியினராகவோ இருந்தால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வரும். முதல் பார்வையிலேயே குற்றம் தெரிகிற இடத்தில் அங்கே முன்ஜாமீனே கிடையாது. ஜாமீனில் விடத்தக்க அவதூறு வழக்கோடு அதை ஒப்பிடவே முடியாது.

பதிவு வெளியான நாளிலிருந்து உரிமையியல் இழப்பீட்டு வழக்குக்கு ஓராண்டும், குற்றப் புகாருக்கு மூன்றாண்டும் காலவரம்பு. பத்து லட்சம் கேட்டு வழக்குப் போட அவர்கள் நீதிமன்றக் கட்டணம் கட்ட வேண்டும் என்பதால், பல நோட்டீஸ்கள் நோட்டீஸோடு நின்றுவிடுகின்றன. அப்படி நிற்காமல் தனிப்புகாராகப் போனால், புதிய நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 223ஆம் பிரிவு உங்களுக்கு ஒரு வாய்ப்பைத் தருகிறது. புகாரை விசாரணைக்கு எடுத்துக்கொள்ளும் முன்பே நடுவர் உங்கள் தரப்பைக் கேட்க வேண்டும். பழைய சட்டத்தில் இது இல்லை. தகவல் உரிமைப் பதிலும், திருத்திய பதிவின் நகலும், நோட்டீஸுக்கு அனுப்பிய பதிலும் அந்த நாளில் உங்கள் வழக்கறிஞர் கையில் இருக்க வேண்டுமானால், தகவல் உரிமை மனுவை இந்த வாரமே விரைவுத் தபாலில் அனுப்பிவிடுங்கள்.