தம்பலகோக் விதையும் வெங்காயத் தோலும்: உயிரியல் கேள்வி பதில்

மொரீசியஸில் ஓர் இடைநிலைப் பள்ளியில் 31 ஆண்டுகள் உயிரியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். வகுப்பில் ஆங்கிலமும் பிரெஞ்சும் கிரியோலும்தான் ஒலித்தன. செடியையும் உடலையும் பற்றித் தமிழில் பேச எனக்கு அங்கே வாய்ப்பே அமையவில்லை. தமிழ் படிக்கும் பிள்ளைகளும் அவர்களுடைய பெற்றோரும் கேள்வி அனுப்பினால் பதில் எழுத முடியுமா என்று நண்பர்கள் கேட்டபோது மனம் நிறைந்து ஒப்புக்கொண்டேன்.

ரோஸ் ஹில், மாணவி: ஐயா, தாவர செல்லில் பசுங்கணிகம் இருக்கும் என்று படித்துவிட்டு வெங்காயத் தோலை நுண்ணோக்கியில் பார்த்தேன். பச்சையாக ஒன்றுமே தெரியவில்லை. தகட்டைத் தவறாகத் தயாரித்துவிட்டேனா?

இல்லையம்மா, நீ சரியாகத்தான் பார்த்திருக்கிறாய். நாம் சமைக்கும் வெங்காயம் என்பது உணவைச் சேமித்துவைத்துப் பருத்துப்போன இலைகளின் அடிப்பகுதி. வெளிச்சம் படாத அந்த இடத்தில் உணவு தயாரிக்கும் வேலை நடப்பதில்லை என்பதால், அங்குள்ள செல்களில் பசுங்கணிகம் உருவாவதில்லை. அதே செடியின் மேலே நிற்கும் வெங்காயத் தாளில் ஒரு சிறு துண்டை உரித்துப் பார்த்தால் பச்சை மணிகள் நிறைந்திருப்பதைக் காண்பாய். பாடப் புத்தகத்தில் வரைந்திருக்கும் செல், எல்லா உறுப்புகளையும் ஒரே இடத்தில் காட்டுவதற்காக வரையப்பட்ட பொதுப்படம். அப்படியே அச்சாக அமைந்த ஒரு செல்லை எந்தச் செடியிலும் பார்க்க முடியாது.

மனித உடலிலும் இப்படித்தான். முதிர்ந்த சிவப்பணுவுக்கு உட்கரு கிடையாது. தசைச் செல்லில், ஆற்றலைத் தரும் உறுப்பான மைட்டோகாண்ட்ரியா மிகுதியாக இருக்கும். செய்யும் வேலைக்கேற்ப செல்லின் உள்ளமைப்பு மாறுகிறது. அடுத்த முறை கன்னத்தின் உட்புறத்தை ஒரு சுத்தமான பல்குத்தும் குச்சியால் மெதுவாக வருடி, அந்தச் செல்களையும் ஒரு தகட்டில் வைத்து, இரண்டையும் மாறி மாறிப் பார். வெங்காயச் செல்கள் செங்கல் அடுக்கியதுபோல ஒழுங்காக நிற்கும், ஏனென்றால் ஒவ்வொன்றையும் செல்லுலோஸால் ஆன செல்சுவர் இறுக்கிப் பிடித்திருக்கிறது. கன்னத்துச் செல்லுக்குச் சுவர் இல்லாததால் அது மடிந்தும் சுருங்கியும் கிடக்கும். 1665இல் ராபர்ட் ஹூக் தக்கைச் சீவலில் கண்டு 'செல்' என்று பெயரிட்டவை, உயிர் போய்ச் சுவர் மட்டும் எஞ்சிய வெற்று அறைகளே.

காத்ர் போர்ன், ஒரு தாய்: இரவில் மரத்தடியில் படுத்தால் மரம் விடும் கரியமில வாயு நம்மைக் கொன்றுவிடும் என்கிறார்களே, உண்மையா?

உண்மையில்லை, அம்மா. செடிகள் இரவிலும் பகலிலும் சுவாசிக்கின்றன. பகலில் ஒளிச்சேர்க்கை அதைவிட வேகமாக நடப்பதால் சுவாசம் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஒரு மனிதர் ஒரு நாளில் ஏறத்தாழ ஒரு கிலோ கரியமில வாயுவை வெளிவிடுகிறார். திறந்த வெளியில் நிற்கும் புளியமரத்தைவிட, மூடிய அறையில் பக்கத்தில் படுத்திருப்பவரே அந்தக் காற்றில் அதிகக் கரியமில வாயுவைச் சேர்க்கிறார்.

பெயர் குறிப்பிடாதவர்: நரம்பில் ஓடும் ரத்தம் நீலமா?

இல்லை, கருஞ்சிவப்பு. தோலின் வழியே ஒளி சிதறுவதால் நீலமாகத் தெரிகிறது. அது நரம்பன்று, ரத்தத்தை இதயத்துக்குக் கொண்டுசெல்லும் சிரை.

ஃபிளாக், கரும்புத் தோட்ட மேற்பார்வையாளர்: ஐயா, காய்கறிச் செடிகள் வாடும் உச்சி வெயிலில் கரும்பு மட்டும் எப்படிச் செழிக்கிறது?

இத்தனை கேள்விகளில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. 1639இல் டச்சுக்காரர்கள் கொண்டுவந்த கரும்பு நம் தீவின் முகத்தையே மாற்றியது. 1834 முதல் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறி வந்த நம் முன்னோர் வாழ்நாளெல்லாம் அதன் தோகைக்குள்தான் உழைத்தார்கள். அந்தத் தோகைக்குள் என்ன நடக்கிறது என்பதை நாம் அறிந்திருக்க வேண்டும் என்று உளமார நினைக்கிறேன்.

காற்றிலுள்ள கரியமில வாயுவைப் பிடித்துச் சர்க்கரையாக்கும் வேலையில் ரூபிஸ்கோ என்ற நொதிக்கு, அதாவது வேதிவினையை விரைவாக்கும் புரதத்துக்கு, முதலிடம். அதற்கு ஒரு குறை உண்டு. கரியமில வாயுவைப் பிடிக்க வேண்டிய இடத்தில் சில வேளைகளில் ஆக்சிஜனைப் பிடித்துவிடும். அந்தத் தவற்றைச் சரிசெய்யச் செடி தன் ஆற்றலைச் செலவழிக்க நேரும். வெப்பம் ஏற ஏற இந்தத் தவறும் கூடுகிறது. நெல், கோதுமை போன்றவை இந்த இழப்போடுதான் வளர்கின்றன. கரும்போ வேலையை இரண்டு வகைச் செல்களுக்குப் பிரித்துக் கொடுத்திருக்கிறது. வெளிப்புறச் செல்களில், ஆக்சிஜன் பக்கமே திரும்பாத வேறொரு நொதி கரியமில வாயுவைப் பிடித்து நான்கு கார்பன் கொண்ட அமிலமாக்குகிறது. அந்த அமிலம் நரம்பைச் சுற்றியுள்ள உட்புறச் செல்களுக்குச் சென்று அங்கே கரியமில வாயுவை மீண்டும் விடுகிறது. அவ்வளவு செறிவாக வாயு நிறைந்த அறையில் ரூபிஸ்கோ ஆக்சிஜனைப் பிடிப்பது மிகவும் குறைந்துவிடும். இலைத்துளைகளை அகலத் திறக்கத் தேவையில்லாததால் நீரும் மிச்சமாகிறது.

இந்த வழி கண்டறியப்பட்டதும் கரும்பில்தான். ஹவாயில் கோர்ட்ஷாக், ஹார்ட், பர் ஆகிய மூவரும் 1965இல் கரும்பிலையில் கார்பன் முதலில் எங்கே சேர்கிறது என்று வெளியிட்டார்கள். ஆஸ்திரேலியாவில் ஹேட்ச், ஸ்லேக் இருவரும் 1966 முதல் அதன் படிகளை ஒவ்வொன்றாக விளக்கினார்கள். சோளம், கம்பு, கேழ்வரகு ஆகியவையும் இந்த வகையே. ஒரு தோகையைக் குறுக்காக, ஒளி ஊடுருவும் அளவுக்கு மெல்லியதாகச் சீவி நுண்ணோக்கியில் வையுங்கள்: ஒவ்வொரு நரம்பையும் சுற்றிக் கரும்பச்சைச் செல்கள் மாலை கட்டியதுபோல நிற்பதைக் காண்பீர்கள்.

நம் விக்டோரியா அன்னாசி வேறு வழியில் போகிறது. இரவில் இலைத்துளையைத் திறந்து கரியமில வாயுவை வாங்கி அமிலமாகச் சேர்த்து வைத்து, பகலில் துளையை மூடிக்கொண்டு அதைப் பயன்படுத்துகிறது.

வக்வா, ஒருவர்: தினமும் பாகற்காய்ச் சாறு குடித்ததில் என் சித்தப்பாவுக்குச் சர்க்கரை இறங்கியது. மாத்திரையை நிறுத்திவிடலாமா?

நிறுத்தக் கூடாது. மருத்துவரிடம் பேசாமல் ஒரு மாத்திரையைக்கூடக் குறைக்க வேண்டாம் என்று அவரிடம் இன்றைக்கே சொல்லுங்கள். நம் நாட்டில் பெரியவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு நீரிழிவு இருக்கிறது. இது விளையாட்டான காரியமன்று. உணவுக்குப் பின் ரத்தத்தில் ஏறும் குளுக்கோஸைச் செல்களுக்குள் எடுத்துக்கொள்ளச் சொல்லும் செய்தி, கணையம் சுரக்கும் இன்சுலின். இரண்டாம் வகை நீரிழிவில் செல்கள் அந்தச் செய்திக்குச் சரியாகச் செவிகொடுப்பதில்லை. நாளடைவில் கணையமும் சோர்கிறது. சித்தப்பா சாறு குடித்த அதே வாரங்களில் சோற்றைக் குறைத்தாரா, நடந்தாரா, மாத்திரையை ஒழுங்காக எடுத்தாரா என்று கேட்டுப் பாருங்கள். சாறு குடிக்காதபோது என்ன ஆகிறது என்ற ஒப்பு வைக்காமல் காரணம் சொல்லக் கூடாது. மருத்துவ ஆலோசனை என் துறையன்று; இதற்குமேல் அவருடைய மருத்துவரைத்தான் கேட்க வேண்டும்.

போ பசேன், மாணவன்: படுக்கையறையில் இரவில் செடித் தொட்டி வைக்கலாமா? கரியமில வாயு...

வைக்கலாம். மேலே காத்ர் போர்ன் அம்மாவுக்குச் சொன்ன பதிலைப் படி, தம்பி. இதே கேள்வியை இன்னும் ஐந்து பேர் அனுப்பியிருக்கிறார்கள். அவர்கள் அனைவருக்கும் அதுவே பதில்.

கியூர்பிப், ஒரு வாசகர்: நம் தீவில் வாழ்ந்த டோடோ பறவை அழிந்ததால்தான் தம்பலகோக் மரம் முளைக்காமல் அழிகிறது. டோடோவின் வயிற்றில் அரைபட்டால்தான் அதன் விதை முளைக்கும். இயற்கையின் இந்தப் பிணைப்பைப் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்லுங்கள்.

நான் இளம் ஆசிரியனாக இருந்தபோது இதை அப்படியே கற்பித்தேன். கற்பித்தது தவறு என்று பிறகு அறிந்தேன். ஆகவே விரிவாக எழுதுகிறேன்.

1977இல் ஸ்டான்லி டெம்பிள் என்ற அமெரிக்க ஆய்வாளர் 'சயன்ஸ்' இதழில் இந்தக் கருத்தை வெளியிட்டார். 13 முதிய மரங்களே எஞ்சியிருக்கின்றன, எல்லாம் 300 ஆண்டுகளைத் தாண்டியவை, டோடோ மறைந்தபின் ஒன்றும் முளைக்கவில்லை என்பது அவர் வாதம். டோடோவுக்குப் பதிலாக வான்கோழிகளுக்கு 17 பழங்களை ஊட்டினார். 7 விதைகள் நொறுங்கின. மீதி 10இல் 3 முளைத்தன.

இங்கே நின்று யோசியுங்கள். வான்கோழிக்கு ஊட்டாத விதைகளில் எத்தனை முளைத்திருக்கும்? அதை அவர் சோதிக்கவில்லை. ஒப்பு இல்லாத சோதனையில் அந்த மூன்று முளைகளுக்கும் வான்கோழிதான் காரணம் என்று எப்படிச் சொல்ல முடியும்?

ரோஸ் பெல், ஓய்வு பெற்ற ஒருவர்: மன்னிக்க வேண்டும், ஐயா. அந்த விதை ஓட்டை நானே கையில் பிடித்திருக்கிறேன். சுத்தியலால் தட்டினாலும் எளிதில் உடையாது. அரைபடாமல் உள்ளிருக்கும் குருத்து எப்படி வெளியே வரும்? அனுபவத்தைப் புத்தகத்தால் மறுக்கலாமா?

உங்கள் அனுபவத்தை நான் மதிக்கிறேன், ஐயா. ஓடு கடினமானது என்பதில் நமக்குள் வேறுபாடே இல்லை. ஆனால் சுத்தியல் வெளியிலிருந்து தட்டுகிறது. குருத்து உள்ளிருந்து தள்ளுகிறது. லண்டனிலுள்ள கியூ தாவரவியல் தோட்டத்தின் இயக்குநராக இருந்த ஆர்தர் ஹில், டெம்பிளுக்கு 36 ஆண்டுகள் முன்பே, 1941இல் இந்த விதை முளைக்கும் விதத்தை எழுதியிருக்கிறார். ஓட்டில் பிளவுக்கோடு ஒன்று உண்டு. ஈரம் ஏறிப் பருப்பு உப்பும்போது அந்தக் கோட்டில் ஓடு பிரிந்து வழிவிடுகிறது. எந்தப் பறவையும் அரைக்காத விதைகள் அவை. 1991இல் விட்மர், சீக் இருவரும் இந்தச் சான்றுகளையெல்லாம் தொகுத்து டெம்பிளின் கருத்தை மறுத்தார்கள். மரங்களும் 13 மட்டுமல்ல என்பது பிறகு தெரிந்தது.

கியூர்பிப், அதே வாசகர்: அப்படியானால் மரம் ஏன் அருகிவிட்டது? விலங்குகளுக்கும் விதைக்கும் தொடர்பே இல்லை என்கிறீர்களா?

அப்படிச் சொல்லவில்லை. காடு அழிக்கப்பட்டது, வெளியிலிருந்து வந்த குரங்குகள் பழுக்கும் முன்பே காயைப் பறித்துக் கெடுக்கின்றன, சீனக் கொய்யா அடர்ந்து காட்டுத் தரையை மூடி நாற்றுகளை எழவிடாமல் செய்கிறது. இவற்றைவிட்டு, 1662க்குப் பின் நம்பத்தகுந்தவாறு யாரும் கண்டிராத ஒரு பறவையின்மேல் முழுக் காரணத்தையும் ஏற்றுவதால், இன்று செய்யக்கூடிய வேலை கண்ணுக்குத் தெரியாமல் போகிறது. அதனால்தான் இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

விலங்கின் வயிறு விதைக்கு உதவுவதும் உண்டு. அதற்குச் சரியான சான்று நம்மிடமே இருக்கிறது. மாயேபூருக்கு அருகிலுள்ள ஈல் ஓ செக்ரெத் தீவில், அழிந்துபோன நம் பேராமைகளுக்குப் பதிலாக அல்டாப்ரா தீவின் பேராமைகளைக் கொண்டுவந்து விட்டார்கள். அவை தின்று கழித்த கருங்காலி விதைகளையும் அப்படிக் கழிபடாத விதைகளையும் ஒப்பிட்டுப் பார்த்ததில், ஆமையின் வயிற்றைக் கடந்தவை நன்றாக முளைத்தன; 2011இல் அந்த முடிவு வெளியாயிற்று. டெம்பிளின் சோதனையில் விட்டுப்போனது அந்த இரண்டாம் குவியல்தான்.

தமிழ் வாசகர்களுக்கு ஒரு செய்தி: தம்பலகோக், நம் இலக்கியங்களில் வரும் இலுப்பை, மகிழம் ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது, சப்போட்டாவும் அதே குடும்பம்.

திரியோலே, ஓர் இளைஞர்: காவடிச் செம்பில் எடுத்துச்செல்லும் பால் திரியாமல் இருப்பதற்கு அறிவியல் காரணம் என்ன?

பாலைத் திரியச் செய்வது, பாலிலுள்ள சர்க்கரையான லாக்டோஸை அமிலமாக்கும் பாக்டீரியா. அது பெருக நேரமும் வெப்பமும் வேண்டும். நோன்பிருந்து காவடி எடுப்பவர் அந்தப் பாலில் காண்பது இதற்கு அப்பாற்பட்டது, அதைக் கோயிலில் பெரியவர்களிடம் கேளுங்கள். நானும் காவடி எடுத்தவன்.

மீண்டும் ரோஸ் ஹில் மாணவி: ஐயா, வெங்காயத் தாளையும் பார்த்துவிட்டேன், பச்சை மணிகள் தெரிந்தன! ஆனால் தோல் தகட்டில் கறுத்த, தடித்த விளிம்போடு பெரிய வட்டங்கள் சில இருக்கின்றன. அவைதாம் உட்கருவா?

அவை காற்றுக் குமிழிகள் அம்மா. உட்கருவுக்கு அவ்வளவு கறுத்த விளிம்பு இருக்காது. ஒவ்வொரு செல்லிலும் ஒன்றாக, சிறியதாக, பெரும்பாலும் சுவரோரம் ஒதுங்கியிருக்கும், ஏனென்றால் நடுவிடத்தை நுண்குமிழ் என்னும் சாறு நிறைந்த பை நிரப்பியிருக்கிறது. மூடுதகட்டை மேலிருந்து போடாமல், அதன் ஒரு விளிம்பை நீர்த்துளியில் தொடவைத்து, மறுவிளிம்பை ஊசியால் தாங்கிச் சாய்வாக மெல்ல இறக்கு. காற்று ஒரு பக்கமாக வெளியேறிவிடும். பிறகு மூடுதகட்டின் ஓரத்தில் ஒரு சொட்டு அயோடின் கரைசல் விட்டு, எதிர் ஓரத்தில் உறிஞ்சுதாளை வை. அயோடின் உள்ளே இழுக்கப்பட்டு உட்கரு பழுப்பு மஞ்சளாகத் தெரியும். அயோடின் விடாத தகடு ஒன்றையும் பக்கத்தில் தயாராக வைத்துக்கொள்.