ஹை-ஃபை ஆர்வலர்கள் இன்றும் அச்சில் வரும் ஆடியோ இதழ்களுக்குச் சந்தா கட்டுகிறார்களா?

கட்டுகிறார்கள், ஆனால் எங்கள் பக்கத்தில் அப்படிப்பட்டவர் ஒரே ஒருவர்தான் மிச்சம். பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், கொழிஞ்சாம்பாறைக்கும் வேலந்தாவளத்துக்கும் இடைப்பட்ட தமிழ் பேசும் ஊர்களில் ஸ்பீக்கர், ஆம்ப்ளிஃபயர் என்று பித்துப் பிடித்து அலையும் ஆறு பேர் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் யாராவது ஒருவர் வீட்டில் கூடுவது வழக்கம். அந்த ஆறு பேரில், ஓய்வு பெற்ற கணக்கு ஆசிரியர் ஒருவருக்கு மட்டும் இன்னமும் வெளிநாட்டு இதழ் ஒன்று தபாலில் வருகிறது. இரண்டு பேர் கைப்பேசித் திரையில் பணம் கட்டிப் படிக்கிறார்கள், இரண்டு பேர் எந்தக் காலத்திலும் எதற்கும் பணம் கட்டியதில்லை. நான் 2014 வரை கட்டிவிட்டு நிறுத்திக்கொண்டவன். ஆறு பேரை வைத்து உலகத்தை அளந்துவிட முடியாது என்பது தெரியும். ஆனால் கேள்வி ஆர்வலர்களின் பழக்கத்தைப் பற்றியது என்பதால், அருகிலிருந்து பார்த்ததைச் சொல்கிறேன்.

என் தலைமுறையில் இந்த இதழ்களைப் புதிதாக வாங்கித் தொடங்கியவர்கள் குறைவு. பாலிடெக்னிக்கில் படித்த நாள்களில் கோயம்புத்தூர் உக்கடத்துப் பழைய புத்தகக் கடைகளில்தான் எங்களுக்கு அவை கிடைத்தன. அட்டை கிழிந்து, யாரோ ஒருவர் பேனாவால் அடிக்கோடிட்ட பிரதிகளைப் பேரம் பேசி வாங்கி, பேருந்தில் வாளையார் தாண்டும் முன்பே பாதி படித்து முடித்துவிடுவோம். இதழை விடவும் அதிகமாகக் கைமாறியவை நகல் எடுத்த கட்டுரைகள். லின்ஸ்லி ஹூட் என்ற பிரிட்டிஷ் பொறியாளர் 1969 ஏப்ரலில் ‘வயர்லெஸ் வேர்ல்ட்’ இதழில் எழுதிய பத்து வாட் கிளாஸ்-ஏ ஆம்ப்ளிஃபயர் கட்டுரை, வெளிவந்து கால் நூற்றாண்டுக்குப் பிறகு, நகலின் நகலாக, எண்கள் பாதி அழிந்த நிலையில் என் கைக்கு வந்தது. ஒரு சேனலுக்கு நான்கே டிரான்சிஸ்டர்கள். அவர் சொன்ன வகை கிடைக்காமல், எல்லாக் கடையிலும் கிடைக்கும் 3055 போட்டு நான் அதை அசெம்பிள் செய்தேன். பாட்டு ஓடினாலும் ஓடாவிட்டாலும் 27 வோல்ட்டில் 1.2 ஆம்பியர் இழுத்துக்கொண்டே இருக்கும் சர்க்யூட் அது. இரண்டு சேனலுக்கும் சேர்த்து அறுபது வாட்டுக்கு மேல் வெறும் சூடாகவே வெளியேறும். இங்கிலாந்துக் குளிருக்கு எழுதப்பட்ட கட்டுரையைப் பாலக்காட்டுச் சித்திரை வெயிலில் கட்டிப் பார்த்தவனுக்கு, சூட்டை வாங்கி வெளியே விடும் உலோகத் தகடான ஹீட் சிங்க் என்றால் என்னவென்று யாரும் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. அம்மா அதன் மேல் அப்பளம் காயவைக்கலாமா என்று கேட்டார். அவர் விளையாட்டுக்குக் கேட்கவில்லை.

விமர்சனங்களுக்காகப் படிக்கத் தொடங்கியது பிறகுதான், சந்தாவின் அருமை விளங்கியதும் அப்போதுதான். கோர்டன் ஹோல்ட் என்பவர் ‘ஹை ஃபிடெலிட்டி’ இதழில் வேலை பார்த்தவர். விளம்பரதாரர் மனம் கோணாமல் எழுத வேண்டியிருந்தது பிடிக்காமல் வெளியேறி, 1962-இல் ‘ஸ்டீரியோஃபைல்’ இதழைத் தொடங்கினார். தொடக்கத்தில் அதில் உற்பத்தியாளர்களின் விளம்பரம் கிடையாது, சொன்ன தேதியில் இதழ் வந்ததும் கிடையாது. 1973-இல் ஹாரி பியர்சன் தொடங்கிய ‘தி அப்சல்யூட் சவுண்ட்’ இதழும் அதே வழியில்தான் புறப்பட்டது. ஒரு ஸ்பீக்கர் கேவலமாக ஒலிக்கிறது என்று அச்சில் எழுத ஒருவருக்குத் தைரியம் வர வேண்டுமானால், அவருடைய சம்பளம் அந்த ஸ்பீக்கர் செய்தவரிடமிருந்து வரக்கூடாது. வாசகன் கட்டும் சந்தாவிலிருந்து வர வேண்டும். பின்னாளில் இரண்டு இதழ்களுமே விளம்பரம் வாங்கத் தொடங்கின என்பது வேறு விஷயம். ஆனாலும் அந்த முதல் எண்ணத்தின் ருசி, நான் சந்தா கட்டிய காலம் வரை அவற்றில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது என்றே சொல்வேன்.

முதல் முறை கட்டியது ஒரு முகவர் மூலம். ஆண்டுச் சந்தாவை முழுதாக வாங்கிக்கொண்டவர் ஐந்து இதழ்களுக்குப் பிறகு தொலைபேசியை எடுப்பதையே நிறுத்திவிட்டார். இரண்டாம் முறை நேரடியாக வெளிநாட்டுக்கே கட்டினேன். கப்பல் தபாலில் மார்கழி இதழ் பங்குனியில் வந்தது. அதனால் எனக்கு நட்டம் ஒன்றும் இல்லை, ஏனெனில் அதில் விமர்சிக்கப்பட்ட பொருள் எதையும் என் வாழ்நாளில் வாங்கப்போவதில்லை என்பது எனக்கும் தெரியும், என் மனைவிக்கு இன்னும் நன்றாகத் தெரியும். இடவப்பாதி என்று நாங்கள் சொல்லும் தென்மேற்குப் பருவமழை தொடங்கினால் வழவழப்பான அந்தத் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், பிரித்தால் எழுத்து எதிர்ப்பக்கத்துக்குப் போய்விடும். ஒட்டாமல் தப்பியதை ராமபாணப் பூச்சி அரித்தது.

வாங்கவே முடியாத பொருளின் விமர்சனத்தை ஏன் படிக்க வேண்டும் என்று கேட்பீர்கள். நான் படித்தது பெரும்பாலும் கடைசிப் பக்கத்து வரைபடங்களை. ஜான் அட்கின்சன் 1986-இல் ‘ஹை-ஃபை நியூஸ்’ இதழிலிருந்து ஸ்டீரியோஃபைலுக்கு வந்து, அடுத்த சில ஆண்டுகளில் ஒவ்வொரு விமர்சனத்தோடும் அளவீடுகளைச் சேர்த்து அச்சிடும் பழக்கத்தை அங்கே நிலைநாட்டினார். விமர்சகர் ‘பட்டு போன்ற’ ஒலி என்று நான்கு பக்கம் உருகியிருப்பார். அதே ஸ்பீக்கரின் வரைபடத்தில் மேல்ஸ்தாயி சரிந்து கிடக்கும். இந்த இரண்டையும் ஒரே இதழில் அடுத்தடுத்து அச்சிட்டதைத்தான் நான் பெரிய நேர்மையாகக் கருதுகிறேன்.

அந்த வரைபடங்களில் எனக்கு நேரடியாகப் பயன்பட்டது இம்பிடன்ஸ் கோடு, அதாவது ஒவ்வொரு அதிர்வெண்ணிலும் ஸ்பீக்கர் மின்சாரத்தை எவ்வளவு தடுக்கிறது என்று காட்டும் கோடு. குழாய் வைத்த பெட்டியாக இருந்தால், பேஸ் பகுதியில் அந்தக் கோடு ஒட்டகத்தின் இரட்டைத் திமில் போல இரண்டு இடங்களில் உயர்ந்து, நடுவில் ஒரு பள்ளத்தில் இறங்கும். அந்தப் பள்ளம் எந்த ஹெர்ட்ஸில் விழுகிறதோ, அதுவே அந்தக் குழாய் ட்யூன் ஆகியிருக்கும் இடம். இதை ஐந்தாறு விமர்சனங்களில் திரும்பத் திரும்பப் படித்துப் புரிந்துகொண்ட பிறகு, பேஸ் ஒலிக்கான எட்டு அங்குல வூஃபர் போட்டு நானே செய்த பெட்டியை அளக்க உட்கார்ந்தேன். ஆம்ப்ளிஃபயருக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே ஆயிரம் ஓம் ரெசிஸ்டர் ஒன்று, ஸ்பீக்கர் முனைகளில் சாதாரண மல்டிமீட்டர், பக்கத்தில் கட்டம் போட்ட நோட்டு. ஒவ்வொரு ஹெர்ட்ஸாக ஏற்றி, மீட்டரில் வந்த எண்ணைக் குறித்தேன். 22-இல் ஒரு திமில், 68-இல் இன்னொன்று, பள்ளம் 41-இல். நான் கணக்குப் போட்டிருந்ததோ 35. பிவிசி குழாயை நீளமான துண்டாக மாற்றி மாற்றிப் பள்ளத்தைக் கீழே இறக்குவதற்குள் இரவு பன்னிரண்டாகிவிட்டது.

அது வெறும் எண் விளையாட்டு இல்லை என்பதை மிருதங்கம் காட்டிக்கொடுத்தது. தொப்பிப் பக்கம் ரவை அப்பி வாசிக்கும் இடது கையில், மணிக்கட்டை அழுத்தி நகர்த்தும்போது சுருதி வழுக்கிக்கொண்டு ஏறுமே, அந்தக் கும்கியைப் பழைய குழாயோடு கேட்டபோது வழுக்கலே தெரியாமல் எல்லாம் ஒரே ‘தொம்’மாக வந்துகொண்டிருந்தது. குழாயை மாற்றிய பிறகு அந்த வளைவு கேட்டது. மிருதங்க மேதை பாலக்காடு மணி ஐயரின் பெயரோடு சேர்ந்த மாவட்டத்தில் இருந்துகொண்டு கும்கி கேட்காத ஸ்பீக்கரை வைத்திருப்பது மரியாதையும் அல்ல.

இந்த இடத்தில் பியர்சனுக்கு என் கடனைச் சொல்லிவிட வேண்டும். மின் பெருக்கம் எதுவும் இல்லாமல், உண்மையான இடத்தில், உண்மையான வாத்தியங்கள் எழுப்பும் ஒலியே ஒரே அளவுகோல் என்பது அவருடைய வாதம். அவர் இதழின் பெயரே அதைத்தான் சொல்கிறது. அவர் மனதில் இருந்தது மேற்கத்திய இசை அரங்கு. எனக்கு அந்த அளவுகோல் சிற்றூர் பகவதி கோவிலில், கும்ப மாதத்துக் கொங்கன் படை விழாவின் செண்டை மேளமாக அமைந்தது. கொங்கு நாட்டுப் படையை முறியடித்த கதையைக் கொண்டாடும் விழா அது என்பதும், கொங்குத் தமிழ் பேசும் நாங்களே முன்னால் போய் நின்று தலையாட்டிக் கேட்கிறோம் என்பதும் தனி வேடிக்கை. செண்டையின் முதல் அடி வயிற்றில் விழும் விதத்தை எந்த ஸ்பீக்கரும் இதுவரை எனக்குத் தந்ததில்லை. ஆனால் எது எவ்வளவு தூரம் பின்தங்குகிறது என்று சொல்லும் மொழியை நான் அந்த இதழ்களில்தான் கற்றேன்.

பிறகு ஏன் நிறுத்தினேன்? ஸ்டீரியோஃபைல் தன் விமர்சனங்களை, அளவீடுகள் உட்பட, பின்னால் இணையத்தில் இலவசமாகவே போட்டுவிடுகிறது. 1989-இல் நின்றுபோன ‘ஹை ஃபிடெலிட்டி’, 2000-இல் நின்றுபோன ‘ஆடியோ’, நான் உக்கடத்தில் புழுதி தட்டித் தேடிய ‘வயர்லெஸ் வேர்ல்ட்’ எல்லாம் ‘வேர்ல்ட் ரேடியோ ஹிஸ்டரி’ என்ற ஆவணத் தளத்தில் ஸ்கேன் செய்யப்பட்டுக் கிடக்கின்றன. 1969 ஏப்ரல் இதழைத் திறந்து, என் நகலில் அழிந்திருந்த ரெசிஸ்டர் மதிப்பைப் பார்த்த அன்று எனக்குச் சிரிப்புதான் வந்தது, ஏனென்றால் நான் ஊகித்துப் போட்டிருந்தது தவறு. இன்னொரு காரணமும் உண்டு. புதிய இதழ்களில் விமர்சிக்கப்படும் பொருள்களின் விலை, ஒரு வீட்டின் விலையோடு போட்டி போடத் தொடங்கியபோது, அந்தப் பக்கங்கள் எனக்காக எழுதப்படவில்லை என்று தெளிவாகத் தெரிந்துவிட்டது.

யூடியூபில் இலவசமாகக் கிடைக்கும்போது சந்தா எதற்கு என்று எங்கள் கூட்டத்து இளையவர் கேட்பார். அங்கே பெட்டியைப் பிரித்து, தொட்டுத் தடவி, ‘பேஸ் சும்மா அதிருது’ என்கிறார்கள். பொருளைக் கொடுத்தவர் யார் என்பதை எல்லோரும் சொல்வதில்லை. மைக்ரோஃபோன் வைத்து ஒழுங்காக அளந்து காட்டுபவர்களும் இருக்கிறார்கள், அவர்களை நான் விடாமல் பார்க்கிறேன். மற்றவர்களைப் பார்க்கும்போது, ஹோல்ட் வெளியேறி வந்த அதே அறைக்குள் நாம் திரும்பவும் போய் உட்கார்ந்துவிட்டோம் என்று தோன்றுகிறது.

நீங்கள் புதிதாகச் சந்தா கட்ட நினைத்தால், ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்: அந்த இதழ் ஆய்வக அளவீடு அச்சிடுகிறதா? 1956-இல் தொடங்கிய பிரிட்டனின் ‘ஹை-ஃபை நியூஸ்’ அச்சிடுகிறது, ஸ்டீரியோஃபைலும் அச்சிடுகிறது. சொந்தமாகப் பெட்டி செய்பவராக இருந்தால் ‘ஆடியோ எக்ஸ்பிரஸ்’ இன்னும் பொருத்தம். மூன்றுக்கும் டிஜிட்டல் சந்தா உண்டு, தபால் செலவு மிச்சம், பூச்சியும் அரிக்காது.

அச்சுப் பிரதியை விடாத அந்தக் கணக்கு ஆசிரியரிடம், எங்கள் மாஷிடம், இதையே சொல்லிப் பார்த்தேன். “அதுல எல்லாம் நான் ஓரத்துல எழுதறது எப்படிங் கண்ணு?” என்று கேட்டார். உண்மைதான், அவருடைய பிரதிகளின் ஓரங்களில் பென்சிலால் கணக்குகள் இருக்கும், விமர்சகரின் டெசிபலில் பிழை கண்டுபிடித்த இடங்களில் சிவப்பு மையில் ஒரு கேள்விக்குறியும் இருக்கும். படித்து முடித்ததும் இதழ் வரிசைப்படி ஐந்து வீடு சுற்றும். கடைசியாக வாங்கியவர் ஒட்டாமல், கிழியாமல், வேப்பிலை வைத்துத் திருப்பிக் கொடுக்க வேண்டும். சென்ற மாத இதழ் கடந்த செவ்வாய்க்கிழமை வந்திருக்கிறது. வரிசையில் நான் மூன்றாவது.