பாப்போவிச்சை எத்தனை நாள்தான் திட்டுவீர்கள்?

கேள்வி: அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வின் 2013 இறுதித் தொடரின் ஆறாவது ஆட்டத்தை இன்றைக்கும் என்னால் முழுதாகப் பார்க்க முடிவதில்லை. அதை வென்றிருந்தால் கோப்பை எங்களுடையது. 28 விநாடிகள் மீதமிருக்க, எங்கள் சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் ஐந்து புள்ளிகள் முன்னால் நின்றது. எங்கள் பயிற்சியாளர் பாப்போவிச், நட்சத்திர ஆட்டக்காரர் டிம் டங்கனை வெளியே உட்காரவைத்தார். ரீபவுண்ட் (எறிதல் தவறித் திரும்பி வரும் பந்து) எதிரணியான மயாமி ஹீட்டுக்குப் போனது, அவர்களின் ரே ஆலன் மூன்று புள்ளி எறிதலைப் போட்டு ஆட்டத்தைச் சமன் செய்தார், எல்லாம் போயிற்று. கூடுதல் நேரத்தின் கடைசி நொடியில் எங்கள் டேனி கிரீன் மீது ஹீட்டின் கிறிஸ் பாஷ் மோதியதற்கு நடுவர்கள் விசிலும் ஊதவில்லை. ஒரு முட்டாள்தனமான முடிவும் ஊதாத விசிலும் சேர்ந்து எங்கள் கோப்பையைப் பறித்தன என்கிறேன். மறுப்பீர்களா?
– ஸ்பர்ஸ் ரசிகர், ஆஸ்டின், டெக்சஸ்

பதில்: மறுக்கிறேன். அந்தத் தொடரின் ஏழு ஆட்டங்களையும் கூட்டிப் பாருங்கள்: ஸ்பர்ஸ் 684, ஹீட் 679. அதிகப் புள்ளி எடுத்த அணிதான் தோற்றது; கோப்பை நான்கு ஆட்டங்களை வென்ற அணிக்குத்தான். மூன்றாவது ஆட்டத்தில் 113-77 என்று நொறுக்கினீர்களே, அதில் மிஞ்சியதை ஆறாவது ஆட்டத்துக்கு எடுத்து வைத்துக்கொள்ள விதியில் இடமில்லை. இவ்வளவு நெருங்கிய தொடருக்கு ஒரே ஒரு குற்றவாளி வேண்டும் என்று அடம்பிடிக்கிறீர்கள்.

சரி, அந்த 28 விநாடிகளுக்கே வருவோம். உங்கள் மனு ஜினோபிலிக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ (யாரும் மறிக்காமல் எறியும், ஒரு புள்ளி தரும் வாய்ப்பு). ஒன்று விழுந்தது, ஒன்று விழவில்லை. சற்று நேரத்தில் கவாய் லெனர்டுக்கு இரண்டு. அவருக்கும் அதே கதை. தவறிய இரண்டில் ஒன்று விழுந்திருந்தால்கூட ஆலனின் அந்த எறிதல் ஆட்டத்தைச் சமன் செய்திருக்காது. உங்கள் கேள்வியில் இந்த இருவரின் பெயரும் இல்லை. ஏன் இல்லை என்று எனக்குத் தெரியும். ஜினோபிலியைத் திட்ட எந்த ஸ்பர்ஸ் ரசிகருக்கும் வாய் வராது. லெனர்ட் அன்று 21 வயதுப் பையன். மறு ஆண்டே இறுதித் தொடரின் சிறந்த ஆட்டக்காரர் ஆனவர். பாப்போவிச்சோ கோட்டு மாட்டிக்கொண்டு ஆடுகளத்தின் ஓரத்தில் முறைத்தபடி நின்றவர். திட்டுவதற்குத் தோதான ஆள்.

டங்கனை உட்காரவைத்த அந்த முடிவுக்குக் காரணம் இல்லாமலும் இல்லை. அந்த நேரத்தில் ஹீட்டுக்குத் தேவைப்பட்டது மூன்று புள்ளி எறிதல். அதைத் தடுக்க வேண்டுமானால், வளையத்துக்கு வெகு வெளியே, ஒருவர் மாற்றி ஒருவரை ஓடி ஓடி மறிக்க வேண்டும். 37 வயது டங்கனைவிட அதற்கு போரிஸ் டியாவ் பொருத்தமானவர். கணக்கு சரிதான், ஆனால் எறிதல் தவறினால் திரும்பி வரும் பந்தை யார் எடுப்பது என்ற இடத்தில் ஓட்டை விழுந்தது. ஒருமுறை அப்படித் திரும்பிய பந்தை ஹீட்டின் லெப்ரான் ஜேம்ஸ் போட்டார். அதைக் கண்ணெதிரே பார்த்த பிறகும் டங்கனை உள்ளே அனுப்பாதது பிழை என்று சொன்னால் ஒப்புக்கொள்கிறேன். முட்டாள்தனம் என்றால் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

டங்கன் உள்ளே இருந்திருந்தால் ஜெயித்திருப்போம் என்பது உங்கள் நம்பிக்கை. ஏழாவது ஆட்டத்தில் இருந்தாரே! 90-88 என்று ஹீட் முன்னிலை, ஒரு நிமிடத்துக்கும் குறைவான நேரம், வளையத்துக்கு மிக அருகில் டங்கன், மறிப்பது தன்னைவிடக் குள்ளமான ஷேன் பாட்டியர். அவர் கண்ணை மூடிக்கொண்டு போடக்கூடிய பந்து அது. தவறியது. திரும்பி வந்ததைத் தட்டிப் பார்த்தார், அதுவும் தவறியது. ஓடிப்போய் இரு கைகளாலும் தரையில் அறைந்தார். ஆட்டம் 95-88 என்று முடிந்தது. இதற்காக டங்கனை எத்தனை முறை திட்டினீர்கள்?

எதிரணிக்கும் கொஞ்சம் மரியாதை கொடுங்கள். ஆறாவது ஆட்டத்தில், தவறித் திரும்பிய பந்தை பாஷ் எடுத்த கணத்திலேயே ஆலன் பின்னோக்கி ஓடத் தொடங்கிவிட்டார். மூன்று புள்ளிக் கோட்டைக் குனிந்து பார்க்காமலேயே மூலையில் போய் நின்றார். தரையில் படுத்திருந்து எழுந்து, பின்னோக்கி ஓடி, மூலையிலிருந்து எறிவதைப் பல ஆண்டுகளாகத் தனியே பழகிவந்த மனிதர் அவர். ஹீட்டின் சொந்த ரசிகர்களே நம்பிக்கையிழந்து அரங்கைவிட்டு வெளியேறிக்கொண்டிருந்தார்கள் (திரும்பி வந்தபோது கதவு திறக்கப்படவில்லை என்பது எனக்குப் பிடித்த தகவல்). கோப்பை வழங்குவதற்காக ஆடுகளத்தைச் சுற்றி மஞ்சள் கயிறு வந்துகொண்டிருந்தது. அந்த நிலையில் விழுந்த எறிதலை அதிர்ஷ்டம் என்று சொல்லிவிடாதீர்கள்.

அதிர்ஷ்டம் என்றுதான் சொல்வேன் என்றால், முதல் ஆட்டத்தையும் அதே கணக்கில் எழுதுங்கள். உங்கள் டோனி பார்க்கர் தடுமாறி, ஒரு முழங்காலில் விழுந்து எழுந்து, எறிவதற்கான 24 விநாடி தீரும் கடைசி நொடியில் பலகையில் பட்டு விழும்படி ஒரு பந்து போட்டார். ஆட்டம் முடிய அப்போது மீதமிருந்தது 5.2 விநாடிகள். ஆலன் போட்டபோது கடிகாரம் காட்டியதும் அதே 5.2 தான். பார்க்கரின் பந்து விழுந்தபோது அதைத் திறமை என்றீர்களா, திருட்டு என்றீர்களா?

நீங்கள் முட்டாள் என்று சொல்லும் மனிதர் ஆறாவது ஆட்டம் முடிந்த இரவில் என்ன செய்தார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். வெற்றி விருந்துக்காக மயாமியில் ஓர் உணவகத்தை முன்பதிவு செய்திருந்தார்கள். பாப்போவிச் அதை ரத்து செய்யவில்லை. அணி முழுவதையும் அங்கேயே வரவழைத்து, மேசை மேசையாகப் போய்ப் பேசி, சாப்பிட வைத்தார். மறு ஆண்டு அதே ஹீட்டை 4-1 என்று வென்ற அணியில் பெரும்பாலானவர்கள் அன்று அந்த மேசைகளில் இருந்தவர்கள். அவர்களுக்குப் போதுமென்று இருந்த ஆறுதல் உங்களுக்கு மட்டும் போதவில்லை.

கடைசியாக, கிரீன் மீது பாஷ் மோதியது ஃபவுலா (விதிமீறலா)? ஆம் என்றே வைத்துக்கொள்வோம். அப்போது 103-100 என்று ஹீட் முன்னிலை. கிரீனுக்கு மூன்று ஃப்ரீ த்ரோ கிடைத்திருக்கும். மூன்றும் விழுந்தால் சமன், அவ்வளவுதான். அந்த இரவில் ஸ்பர்ஸ் ஃப்ரீ த்ரோ போட்ட அழகைப் பார்த்த பிறகுமா இந்தக் கேள்வி?