பழைய லேப்டாப் ரொம்ப ஸ்லோ. ஃபார்மட் அடிப்பதா, புதிது வாங்குவதா? கம்ப்யூட்டர் பைத்தியமாக உங்களுக்குப் பிடித்த திரைக் கதாபாத்திரம் யார்?

இரண்டாவது கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன், முதல் கேள்விக்கு விடை அங்கேதான் இருக்கிறது.

எந்திரன் (2010) படத்து ரோபோ சிட்டி தன் வேகம் 1 டெராஹெர்ட்ஸ், மெமரி 1 ஜெட்டாபைட் என்று அறிமுகம் செய்துகொள்ளும். அதாவது 1000 கிகாஹெர்ட்ஸ், 100 கோடி டெராபைட். கைதட்டலாம். ஆனால் அத்தனை பெரிய கிடங்கிலிருந்து ஒரு ஃபைலைத் தேடி எடுக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று சிட்டி வாய் திறக்கவில்லை. கடையில் நாமும் "ஐ3யா, ஐ5ஆ, எத்தனை ஜிபி" என்பதோடு நிறுத்திக்கொள்கிறோம்.

நீங்கள் எழுதியிருப்பது: ஐந்தாம் தலைமுறை ஐ3, 4 ஜிபி ராம், 500 ஜிபி ஹார்டு டிஸ்க், விண்டோஸ் 10, ஆன் ஆகி முடிக்க ஐந்து நிமிடம், வேலை பிரவுசரும் எக்செல்லும். பிராசசர் மேல் பழி போடாதீர்கள். லேப்டாப் ஹார்டு டிஸ்க் பெரும்பாலும் நிமிடத்துக்கு 5400 சுற்று. ஒரு சுற்றுக்கு 11 மில்லிசெகண்ட், அதில் பாதி சராசரிக் காத்திருப்பு. ஊசி நகரும் நேரத்தையும் சேர்த்தால், சிதறிக் கிடக்கும் சின்னச் சின்னத் துண்டுகளை நொடிக்கு அறுபது, எழுபதுக்கு மேல் அதனால் படிக்க முடியாது. விண்டோஸ் திறக்கும்போது கேட்பதோ ஆயிரக்கணக்கான துண்டுகள். சுற்றும் தட்டே இல்லாமல் சிப்பில் சேமிக்கும் டிஸ்க்தான் எஸ்எஸ்டி. உங்கள் ஹார்டு டிஸ்க் மாட்டியிருக்கும் அதே சாட்டா இணைப்பில் மாட்டும் சாதாரண எஸ்எஸ்டிகூட நொடிக்குப் பல்லாயிரம் துண்டுகளைத் தரும்.

நம்பிக்கை இல்லையென்றால் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தைப் பாருங்கள். டிஸ்க் 100 சதவீதத்தில் நிற்க, கீழே படிக்கும் வேகம் 1, 2 எம்பி என்று காட்டினால் சந்தேகமே வேண்டாம். ஃபார்மட் அடித்தால் சில வாரம் சுறுசுறுப்பாகத் தெரியும். சுற்றும் தட்டு அதேதான், பழைய கதை திரும்பும். மாற்ற வேண்டியது லேப்டாப்பை அல்ல, அந்த டிஸ்கை: அதன் இடத்தில் எஸ்எஸ்டி.

வேறு எதையும் தொடுவதற்கு முன் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் போட்டு டிஸ்கின் உடல்நிலையைப் பாருங்கள். 05, சி5, சி6 ஆகிய மூன்று வரிகளின் கடைசி எண்கள் சுழியமாக இருக்க வேண்டும். சி5இல் எண் இருந்தால், படிக்க முடியாமல் தவிக்கும் இடங்கள் இருக்கின்றன என்று பொருள். அப்போது டிஃப்ராக், செக்டிஸ்க் போன்ற டிஸ்க் சீரமைப்புக் கருவிகள் எதையும் ஓட்டாமல் முதலில் போட்டோ, ஆவணங்களை வெளியே நகலெடுங்கள். சாகக் கிடக்கும் டிஸ்கை மணிக்கணக்கில் படிக்க வைத்தால் மிச்சமும் போகும்.

வாங்க வேண்டியது: 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி, 7 மிமீ தடிமன். உங்கள் லேப்டாப்பின் குழி 9.5 மிமீ என்றால் ஒரு பிளாஸ்டிக் சட்டம் வைத்து ஆட்டத்தை நிறுத்தலாம். 480 ஜிபி மலிவாகக் கிடைக்கிறதே என்று போகாதீர்கள். 500 ஜிபி டிஸ்கை அதற்குள் குளோன் செய்ய, அதாவது விண்டோஸோடு அப்படியே நகலெடுக்க, முதலில் பார்ட்டிஷனை (டிஸ்கில் பிரித்த பகுதியை) சுருக்க வேண்டும், பல மென்பொருள்கள் மறுத்துவிடும். 512 ஜிபி என்றால் அந்தத் தொல்லை இல்லை. கூடவே ஒரு சாட்டா–யுஎஸ்பி 3.0 கேபிள்.

குளோனிங்குக்கு எஸ்எஸ்டி நிறுவனம் தரும் மென்பொருளோ, குளோன்ஜில்லா என்ற இலவச மென்பொருளோ போதும். அதற்கு முன் பிட்லாக்கர் (டிஸ்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி) போட்டிருக்கிறதா என்று பார்த்து, அதை நிறுத்தி, 48 இலக்க மீட்புக் குறியீட்டைக் காகிதத்தில் எழுதி வையுங்கள். பெரிய விபத்து நடப்பது மூலம் எது, இலக்கு எது என்று மாற்றித் தேர்ந்தெடுக்கும்போது. வெற்று டிஸ்க் போய் உங்கள் டேட்டா மேல் உட்கார்ந்துகொள்ளும். டிஸ்கின் பெயரையும் மாடல் எண்ணையும் ஒப்பிட்டுவிட்டு ஓகே அழுத்துங்கள். முடிந்ததும் பழைய டிஸ்கைக் கழற்றிய பிறகே புதியதில் முதல்முறை பூட் செய்ய வேண்டும். இரண்டும் ஒரே அடையாள எண்ணோடு இருப்பதால் விண்டோஸ் ஒன்றை ஓரங்கட்டிவிடும்.

கழற்றுவதற்கு பிஎச்0 அளவு சின்ன பிளஸ் ஸ்குரூ டிரைவர், மூடியை நெம்பப் பழைய ஏடிஎம் கார்டு. அடிமூடி திறந்ததும் பேட்டரி கனெக்டரைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனைப் பத்துப் பதினைந்து நொடி அழுத்திப் பிடியுங்கள். ஸ்குரூக்கள் ஒரே நீளத்தில் இருக்காது. காகிதத்தில் லேப்டாப்பின் அடிப்பக்கத்தை வரைந்து அந்தந்த இடத்தில் குத்தி வையுங்கள். நீள ஸ்குரூ குட்டைக் குழியில் போனால் கீபோர்டு பக்கம் பிதுங்கும். திறந்தது திறந்தாயிற்று, ஃபேன் தூசியையும் பிரஷ்ஷால் எடுங்கள். ஊதும்போது இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள்.

ராமை 8 ஜிபி ஆக்குவது அடுத்த வேலை. பணம் ஒன்றுக்குத்தான் என்றால் எஸ்எஸ்டி முதலில். உங்கள் தலைமுறையில் பெரும்பாலும் டிடிஆர்3எல் என்ற ராம் வகை, 1.35 வோல்ட். கடைக்காரர் 1.5 வோல்ட் டிடிஆர்3 கொடுத்தால் அதே ஸ்லாட்டில் அழகாக உட்காரும், திரை மட்டும் வராது. பழைய ராமின் ஸ்டிக்கரைப் படமெடுத்துக்கொண்டு போங்கள்.

"பிராசசர் பழசு, என்ன செய்தும் பயனில்லை" என்று கருத்துப் பெட்டிக்கு வருவோருக்கு: வீடியோ எடிட்டிங், கேம் என்றால் ஒத்துக்கொள்கிறேன். கேள்வி கேட்டவர் சொன்னது பிரவுசரும் எக்செல்லும். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்தது, ஐந்தாம் தலைமுறை விண்டோஸ் 11 பட்டியலிலும் இல்லை, அதுவும் உண்மை. எக்செல்லே வேண்டும் என்ற கட்டாயம் இல்லையென்றால் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போடுங்கள், அதே எஸ்எஸ்டியில் நன்றாக ஓடும்.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒரு வயிற்றெரிச்சல். டெஸ்க்டாப்பில் ரைட் கிளிக் செய்து ரெஃப்ரெஷ், ரெஃப்ரெஷ், ரெஃப்ரெஷ். இதை ஏதோ முதலுதவி போலக் கம்ப்யூட்டர் சென்டர்களில் யார் சொல்லிக் கொடுத்தார்கள்? அது ஐகான்களைத் திரும்ப வரைகிறது, அவ்வளவுதான். ராம் காலியாகாது, வேகம் கூடாது.

பிடித்த கதாபாத்திரம் சிட்டி இல்லை. ஸ்டார் டிரெக் விண்வெளிப் படங்களில் வரும் கப்பல் பொறியாளர் ஸ்காட்டி. 1984இல் வந்த மூன்றாவது படத்தில், பழுதுபார்க்கும் நேரத்தை எப்போதும் நான்கால் பெருக்கித்தான் சொல்வேன் என்று தன் தலைவர் கிர்க்கிடம் ஒப்புக்கொள்வார். வீட்டில் "எப்ப முடியும்?" என்று கேட்டால் நீங்களும் அப்படியே செய்யுங்கள். நல்ல நிலையிலுள்ள 500 ஜிபி டிஸ்க் குளோனாக ஒன்றரை, இரண்டு மணி நேரம். சி5இல் எண் ஏறியிருந்தால் ராத்திரி முழுக்க ஓடும், பாதியில் நின்றும் போகும்.

கழற்றிய பழைய டிஸ்கை ஒரு மாதம் தொடாமல் வையுங்கள். மூன்று வரிகளும் சுழியம் என்றால் பிறகு யுஎஸ்பி கேஸில் போட்டுப் படம் பார்க்கலாம். எண் இருந்தால் அதை பேக்கப்புக்கு நம்பாதீர்கள்.